வீட்டு விசேஷத்தில் எடுத்த படங்களின் வெளிச்சத்தையும் நிறத்தையும் சரிசெய்ய எந்த மென்பொருள் நல்லது? இலவசமானவை போதுமா?

போதும். ஒரே படத்தை வைத்துக்கொண்டு நான்கு மென்பொருள்களோடு நான்கு இரவு மல்லுக்கட்டியவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அக்காவின் வளைகாப்பில் எடுத்த படம் அது. கேமரா, யாரோ பயன்படுத்திவிட்டு விற்ற டிஎஸ்எல்ஆர். அத்தை வளையல் அடுக்குகிறார், அக்கா நிமிர்ந்து சிரிக்கிறாள். இடது பக்கம் ஜன்னல், தலைக்கு மேல் டியூப் லைட், ஜன்னலை ஒட்டி அப்பா ஆசையாக அடித்த கிளிப்பச்சைச் சுவர். மூன்றும் சேர்ந்து அவள் கன்னத்தில் ஒரு பக்கம் பாசி படிந்த மாதிரி ஆகிவிட்டது. அரக்குப் பட்டோ சேற்று நிறம்.

முதலில் கைபேசியில் ஸ்னாப்சீட் என்ற இலவசச் செயலி. தானாகச் சரிசெய்யும் பொத்தானை அழுத்தினேன். முகம் என்று கண்டால் வெளுத்துவிடு என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும் போலிருக்கிறது. பார்த்துவிட்டு அக்கா கேட்டாள்: "யாரடா இது?" நம் வீடுகளில் 'கலர்' என்றாலே வெள்ளை என்றுதான் பொருள். கல்யாண ஆல்பங்களில் மணப்பெண்ணுக்கு நடப்பதும் இதுதான். மாநிறமாக மேடை ஏறியவள் சுண்ணாம்பு அடித்த சுவராக ஆல்பத்தில் இறங்குவாள். அதைச் சரிசெய்தல் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஸ்னாப்சீடைக் குறை சொல்லவில்லை. பொத்தானை விட்டுவிட்டு ஸ்லைடர்களைக் கையால் நகர்த்தினால் அவசரத்துக்கு அருமையான கருவி.

அடுத்து கணினியில் டார்க்டேபிள். 2009 முதல் இருக்கிறது, முழுக்க இலவசம், திறந்த மூலம். திறந்ததும் மிரட்டும், பயப்படாதீர்கள். முதல் வேலை ஒயிட் பேலன்ஸ். படத்தில் எந்த நிறமும் ஏறாத வெள்ளையாகவோ சாம்பலாகவோ ஒரு பொருளைக் காட்டினால், அதை நடுநிலையாக வைத்து மற்ற நிறங்களை மென்பொருள் திருத்திக்கொள்ளும். அப்பாவின் வேட்டியைக் காட்டினேன். படம் முழுவதும் மஞ்சள் காமாலை! பிறகுதான் உறைத்தது. அம்மா வேட்டியைச் சொட்டு நீலத்தில் அலசுபவள். அந்த நீலத்தை ஈடுகட்ட மென்பொருள் எல்லாவற்றிலும் மஞ்சளை ஏற்றிவிட்டது. எவர்சில்வர் குடத்தைக் காட்டினேன், அது பச்சைச் சுவரை வாங்கி முகத்தில் பூசிக்கொண்டு நின்றது. கடைசியில் கைகொடுத்தது தாம்பாளத்தில் இருந்த விபூதி. குவியலின் உச்சியில் ஒரு சொடுக்கு. பட்டு அரக்குக்குத் திரும்பியது, சந்தனம் சந்தனமானது, அக்காவின் நிறம் அக்காவின் நிறமாக வந்தது. பல வீட்டு விசேஷங்களில் விபூதி இருக்கும். அதை ஃபிரேமுக்குள் வைத்து ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நிறம் சரியான பிறகே வெளிச்சத்துக்குப் போனேன். நல்லவேளையாக ரா கோப்பும், அதாவது கேமரா தன் திருத்தம் எதையும் சேர்க்காமல் பதிந்த மூலக் கோப்பும், இருந்தது. ஜேபெக் படத்தில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிகள். என் கேமராவின் 14 பிட் ரா கோப்பில் 16,384. நிழலில் இருந்த முகத்தை ஜேபெக்கில் தூக்கியபோது கன்னம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. ராவில் கொஞ்சம் புள்ளி தட்டியதோடு சரி. ஆனால் ஜன்னல் கைவிட்டுவிட்டது. படத்தின் இருட்டையும் வெளிச்சத்தையும் வரைந்து காட்டும் ஹிஸ்டோகிராம், அந்தப் பக்கம் உச்ச வெளிச்சத்தைக் குறிக்கும் வலது ஓரத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றது. அங்கே பதிவானது வெறும் வெள்ளை. பிரகாசமான பகுதிகளை அடக்கும் ஹைலைட் ஸ்லைடரை எவ்வளவு இழுத்தாலும் வெள்ளை சாம்பலாகுமே தவிர, வெளியே நிற்கும் வேப்பமரம் வராது. நிறத்தின் அடர்த்தியைக் கூட்டும் சாச்சுரேஷனை நான் தொடவே இல்லை. பட்டுப்புடவைக்கு அது தேவையும் இல்லை.

மிச்சம் இருந்தது கன்னத்துப் பச்சை. அந்த இடத்தில் மட்டும் மாஸ்க் வரைந்து, அதாவது திருத்தம் தாண்டாதபடி எல்லை கட்டி, பச்சையைக் குறைத்தேன். கன்னம் தெளிந்தது. மகிழ்ச்சியோடு படத்தைச் சிறிதாக்கிப் பார்த்தால், முகத்துக்குப் பக்கத்தில் தூக்கியிருந்த கையில் பச்சைக் கண்ணாடி வளையல்கள் அத்தனையும் சாம்பல் பூத்துக் கிடக்கின்றன. வளைகாப்புப் படத்தில் வளையலுக்கே நிறம் போனால் சம்பந்தி வீட்டில் பேச்சு வாங்கித் தீராது. மாஸ்க்கைத் தாடையோடு நிறுத்தி, ஓரத்தை மென்மையாக்கி மறுபடி வரைந்தேன். இந்த ஒரு திருத்தத்துக்கே ஓர் இரவு போனது.

கிம்ப் என்ற இலவச மென்பொருளையும் பார்த்தேன். அதனால் ரா கோப்பை நேரடியாகத் திறக்க முடியாது. டார்க்டேபிளோ அதைப் போன்ற ரா தெரபியோ துணைக்கு வேண்டும். பின்னணியில் தலைநீட்டும் ஆளை அழிக்க அது நல்லது, வெளிச்சத்துக்கும் நிறத்துக்கும் மட்டும் என்றால் தேவையில்லை. சந்தா கட்ட வேண்டிய லைட்ரூமைச் சோதனைக் காலத்தில் ஓட்டிப் பார்த்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும், முகத்தின் தோலை மட்டும் அதுவே தேர்ந்தெடுத்து மாஸ்க் போட்டுத் தருகிறது. எனக்கு ஓர் இரவு பிடித்த வேலை அங்கே ஐந்து நிமிடம். மாதம் நான்கு விசேஷம் எடுப்பவர் என்றால் அந்தப் பணம் தகும். வருடத்துக்கு இரண்டு விசேஷம் எடுக்கும் எனக்குத் தகாது.

இத்தனைக்கும் பிறகு முதல் பிரிண்ட் இருட்டாக வந்தது. ஸ்டூடியோக்காரரைத் திட்டிக்கொண்டே வீடு வந்தேன். தப்பு என்னுடையது. நள்ளிரவில் விளக்கை அணைத்துவிட்டு, மடிக்கணினித் திரையை முழு வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு திருத்தியிருக்கிறேன். அந்தத் திரையில் எந்தப் படமும் பிரகாசமாகத்தான் தெரியும். மறுநாள் பகலில் ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, இரண்டும் ஒரே அளவு வெளிச்சமாகத் தெரியும்வரை திரையைக் குறைத்தேன். பிறகு படத்தின் மொத்த வெளிச்சமான எக்ஸ்போஷரை அரை ஸ்டாப் ஏற்றினேன் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு).

இரண்டாவது பிரிண்ட் அக்கா வீட்டு டிவிக்கு மேல் மாட்டியிருக்கிறது. பாட்டி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "எல்லாம் சரி, வேப்பமரம் எங்கே?" என்றார்.