சோடியம் அயனி நீர் மூலக்கூறைவிடச் சிறியது. குடிநீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. (எதிர்ச் சவ்வூடுபரவல்) கருவியின் சவ்வு அதை எப்படித் தடுக்கிறது?

கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டு ஆர்.ஓ. கருவியின் பழைய சவ்வுச் சுருளை ஒருமுறை வெட்டிப் பார்த்தேன். துளையிட்ட பிளாஸ்டிக் குழாயைச் சுற்றிப் பாய்போலச் சுருட்டிய தாள்கள்தாம், அவற்றில் கண்ணுக்குத் துளை எதுவும் தெரியவில்லை. தங்கள் ஐயம் நியாயமானதே: சோடியம் அயனியின் விட்டம் சுமார் 0.2 நானோமீட்டர், நீர் மூலக்கூறினுடையது சுமார் 0.28. ஆனால் நீரில் அயனி தனியாக உலவுவதில்லை. நீர் மூலக்கூறுகளைத் தன்னைச் சுற்றி இறுகப் பற்றிக்கொண்டு, ஏறத்தாழ 0.7 நானோமீட்டர் உருவமாகவே நகர்கிறது. குறுகிய துளைக்குள் நுழைய அந்தப் போர்வையை ஓரளவேனும் உதற வேண்டும். அதற்கு மிகுந்த ஆற்றல் தேவைப்படுவதால் பெரும்பாலான அயனிகள் வெளியிலேயே நின்றுவிடுகின்றன.

துளையின் அளவைவிட, அதன் சுவரிலுள்ள மின்னூட்டமே வடிவமைப்பாளரின் கையில் கூர்மையான கருவி என்பேன். சுவர் எதிர்மின்னூட்டம் கொண்டிருந்தால், இரட்டை எதிர்மின்னூட்டமுள்ள சல்ஃபேட் அயனி வலுவாக விலக்கப்படும். மின்சமநிலை குலையக் கூடாது என்பதால் அதற்கு இணையான நேர்மின் அயனிகளும் பின்தங்கும். சுமார் 1 நானோமீட்டர் துளைகளுள்ள நானோ வடிகட்டிகள் இவ்வாறே சல்ஃபேட்டைத் தடுத்தாலும், சமையல் உப்பில் கணிசமான பகுதியை விட்டுவிடுகின்றன; ஆகவே கடல்நீர் ஊடுருவிய நம் கரையோரக் கிணற்று நீருக்கு அவை மட்டும் போதா.

சவ்வு மெலிய மெலிய நீரோட்டம் கூடும் என்பதால், 1960-ஐ ஒட்டிக் கலிஃபோர்னியாவில் ஆய்வாளர்கள் சிட்னி லோப்பும் சீனிவாச சௌரிராஜனும் உருவாக்கிய ஆர்.ஓ. சவ்வில், அடர்ந்த மெல்லிய தோல் மேலேயும் அதைத் தாங்கும் நுண்துளைப் படலம் கீழேயும் அமைந்தன.