பிட்காயினுக்குக் காப்பு, மகளுக்கு வகுப்பு, கடைக்கு இணையத்தளம்: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயாவிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் நிறையக் கேள்விகள். ஊருக்கு 2007-இல் பெயர் மாற்றினாலும் எழுதியவர்களில் பாதிப் பேர் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே போட்டிருக்கிறார்கள். நான்கு கேள்விகளை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: ஐயா, எனக்கு வயது 27. ஷா ஆலாமில் தொழிற்சாலை வேலை. என்னிடம் 0.04 பிட்காயின் இருக்கிறது. பாதி என் சம்பளம், பாதி அப்பாவின் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணம். அப்பா தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். விலை விழுந்துவிடுமோ என்று தூக்கமே வருவதில்லை. ஆப்ஷன் வாங்கி ‘ஹெட்ஜ்’ செய்தால் பயமில்லை என்று ஒரு டெலிகிராம் குழுவில் சொல்கிறார்கள். வகுப்புக்கு 2,500 வெள்ளி (ரிங்கிட்). சேரலாமா?

பதில்: சேர வேண்டாம், தம்பி. ஹெட்ஜ் செய்வது, அதாவது விலைச் சரிவுக்குக் காப்பு எடுப்பது, ஏமாற்று வேலை என்பதால் அல்ல. அது உண்மையான, பயனுள்ள ஒரு முறைதான். உங்களிடம் இருக்கும் அளவுக்கு அது ஒத்துவராது, அவ்வளவுதான்.

‘புட்’ ஆப்ஷன் என்றால், குறிப்பிட்ட தேதியில் குறிப்பிட்ட விலைக்கு விற்கும் உரிமை. அந்த உரிமைக்கு முன்பணமாகப் பிரீமியம் கட்ட வேண்டும். கணக்குக்காக பிட்காயின் விலை 100,000 அமெரிக்க டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாதத் தவணைக்கு, 90,000 டாலருக்கு விற்கும் உரிமையை வாங்குகிறீர்கள். பிரீமியம் ஒரு பிட்காயினுக்கு 2,000 டாலர் என்றால் உங்கள் 0.04-க்கு 80 டாலர்.

விலை 70,000-க்கு இறங்கினால் உங்கள் காயினில் 1,200 டாலர் நஷ்டம். ஆப்ஷன் 800 டாலர் திருப்பித் தரும். பிரீமியத்தையும் சேர்த்தால் கையைக் கடித்தது 480 டாலர். நல்லதுதான். ஆனால் விலை 92,000-இல் நின்றுவிட்டால்? காயினில் 320 நஷ்டம், பிரீமியம் 80-உம் போச்சு, ஆப்ஷனிலிருந்து ஒரு காசு வராது. விலை ஏறினாலும் அந்த 80 திரும்பாது. இதை மாதாமாதம் செய்தால் ஆண்டுக்கு 960 டாலர். உங்களிடம் இருப்பதே 4,000 டாலர் பெறுமானம்தான். கிட்டத்தட்ட கால் பங்கைக் காப்புக்கே கொடுத்துவிட்டு எதைக் காப்பாற்றப் போகிறீர்கள்? பிட்காயின் இப்படித் தாவிக் குதிக்கிற பொருள் என்பதால்தான் பிரீமியமும் இவ்வளவு கனமாக இருக்கிறது.

உங்கள் ஊர்க் கதையையே பாருங்கள். நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் உங்கள் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் போடப்பட்டது. இன்று பெரிய தோட்ட நிறுவனங்கள் எண்ணெய் விலை சரிவைச் சமாளிக்க புர்சா மலேசியாவின் கச்சா பாமாயில் ஃபியூச்சர்ஸை (பிற்காலத் தேதிக்கு இன்றே விலை பேசும் ஒப்பந்தம்) பயன்படுத்துகின்றன. 2012 முதல் அதற்கு ஆப்ஷனும் உண்டு. ஆனால் ஒரு ஒப்பந்தம் 25 டன் எண்ணெய். ஐந்து ஏக்கர் வைத்திருக்கும் சிறு தோட்டக்காரருக்கு ஆண்டு முழுக்க வெட்டும் குலையிலிருந்து கிடைக்கும் எண்ணெய் ஏழு டன்னைத் தாண்டினாலே பெரிது. அவர் அந்த ஒப்பந்தத்தில் இறங்கினால் தன்னிடம் இல்லாத 18 டன்னுக்கும் சேர்த்துப் பந்தயம் கட்டுகிறார் என்று அர்த்தம். அதனால் அவர் இறங்குவதில்லை. குலையை லாரிக்காரரிடம் அன்றைய விலைக்குக் கொடுத்துவிட்டு, நல்ல மாதத்தில் கொஞ்சம் ஒதுக்கி வைக்கிறார்.

உங்கள் நிலையும் இதேதான். கிரிப்டோ ஆப்ஷனுக்குப் பெயர்போன டெரிபிட் தளத்தில், பிட்காயினிலேயே கணக்குத் தீர்க்கும் வழக்கமான ஆப்ஷனின் குறைந்தபட்ச அளவு 0.1. உங்களிடம் இருப்பது 0.04. மீதி 0.06-க்கு வாங்குவது காப்பு ஆகாது, சூது.

இன்னொரு பெரிய விஷயம். நம் நாட்டில் 2019 ஜனவரி 15 முதல் டிஜிட்டல் நாணயங்கள் செக்யூரிட்டிஸ் கமிஷனின் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. லூனோ போன்ற பதிவு பெற்ற சந்தைகளில் காயினை நேரடியாக வாங்கலாம், விற்கலாம், அவ்வளவுதான். ஆப்ஷன் வேண்டுமென்றால் இங்கே பதிவில்லாத வெளிநாட்டுத் தளத்துக்குத்தான் போக வேண்டும். அப்படிப் பதிவில்லாமல் இங்கே செயல்பட்டதற்காக 2021-இல் பைனான்ஸ் மீதும், 2023-இல் ஹுவோபி மீதும், 2024 டிசம்பரில் பைபிட் மீதும் கமிஷன் நடவடிக்கை எடுத்தது. சின்னக் கம்பெனிகள் அல்ல இவை. நாளை உங்கள் தளத்துக்கும் அதே நிலை வந்தால் பணத்தை எங்கே போய்க் கேட்பீர்கள்? பயனீட்டாளர் தீர்ப்பாயமும் கைகொடுக்காது. பங்குப் பத்திரங்களும் ஃபியூச்சர்ஸும் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்துக்கு வெளியே இருக்கின்றன. 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் என்ற கிரிப்டோ சந்தை திவாலானபோது அதில் காப்பு எடுத்து வைத்திருந்தவர்களின் காப்பும் சேர்ந்தே முடங்கியது. விலை விழும் அபாயத்துக்குப் பயந்து, தளமே விழும் அபாயத்தில் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

குழுவில் அடுத்த பாடமாக ‘கால் ஆப்ஷனை விற்று வாராவாரம் வருமானம் பார்’ என்பார்கள். ‘கால்’ என்றால் குறிப்பிட்ட விலைக்கு வாங்கும் உரிமை. உங்கள் காயின் லூனோவில் இருக்க, கால் விற்பது வேறு தளத்தில். விலை ஏறினால் அந்தத் தளத்துக்கு உங்கள் லூனோ காயின் கண்ணில் படாது. அங்கே வைத்த மார்ஜின் (பிணைப்பணம்) தீர்ந்ததும் கணக்கை அடித்து மூடிவிடும். சனி, ஞாயிறு, நடு ராத்திரி என்று பார்க்காது. மேலும், காசு வாங்கிக்கொண்டு இப்படி முதலீட்டு ஆலோசனை சொல்வதற்கு உரிமம் வேண்டும். குழு நடத்துகிறவரிடம் உரிம எண்ணைக் கேளுங்கள். பதில் சொல்லாமல் குழுவிலிருந்து உங்களை நீக்கினால் விஷயம் விளங்கிவிடும். கமிஷனின் இணையத்தளத்தில் எச்சரிக்கைப் பட்டியல் இருக்கிறது, அதிலும் பெயரைத் தேடுங்கள்.

சரி, தூக்கத்துக்கு என்ன வழி? அப்பாவின் பங்கை விற்றுவிடுங்கள். இதை நான் ஆலோசனையாக அல்ல, கெஞ்சலாகவே சொல்கிறேன். வெயிலிலும் மழையிலும் நின்று சேர்த்த பணம் அது. அவர் வயதில் அதை மீண்டும் சம்பாதிக்கக் காலம் இல்லை. 2021 நவம்பரில் 69,000 டாலரைத் தொட்ட பிட்காயின் அடுத்த ஆண்டு நவம்பரில் 16,000-க்கும் கீழே போனது. அந்த ஓராண்டை நீங்கள் தாங்கலாம், அவரால் முடியாது. அந்தப் பணம் முன்பு இருந்த இபிஎஃப் 2024-க்கு 6.30 விழுக்காடு லாபஈவு கொடுத்தது. உங்கள் பங்கான 0.02-ஐ வைத்துக்கொள்ளுங்கள். அது பாதியானாலும் சாப்பாட்டுக்குக் குறை வராது என்றால், அதற்கு எந்த ஆப்ஷனும் தேவையில்லை.

குழுவுக்கு ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால், இதைப் படித்து முடிக்கும் முன்பே தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997-க்கு அழையுங்கள். அப்புறம் போலீஸ் ரிப்போர்ட்.

கேள்வி: யூனிசெல்லில் படிக்கிறேன், அண்ணே. கிரிப்டோ ஆப்ஷன் விலைகளை இழுத்து வந்து, எப்போது ஹெட்ஜ் செய்யலாம் என்று காட்டும் இணையப்பக்கம் ஒன்றை நண்பர்களோடு கட்டப் போகிறோம். மாதம் 30 வெள்ளி சந்தா. பைத்தானா, ஜாவாஸ்கிரிப்டா?

பதில்: முதலில் சந்தாவை நிறுத்துங்கள், தம்பி. ‘இப்போது வாங்கு’ என்று காசுக்குச் சொல்லும் பக்கம் முதலீட்டு ஆலோசனை ஆகிவிடும். மேலே சொன்ன உரிமக் கதை உங்களுக்கும் பொருந்தும். படிப்புக்கான புராஜெக்டாகக் கட்டுங்கள், வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அது பேசும். டெரிபிட்டுக்கு டெஸ்ட்நெட் என்ற பயிற்சித் தளம் இருக்கிறது. பொய்ப் பணம், நிஜ விலைப் பட்டியல் போன்ற அமைப்பு. அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள்.

மொழியைப் பொறுத்தவரை, கணக்கு அதிகம் என்றால் பைத்தான். நம்பை, சைபை நூலகங்கள் இருப்பதால் ஆப்ஷன் விலைச் சூத்திரங்களைச் சில வரிகளில் எழுதிவிடலாம். அந்த விடைகளை ஃபாஸ்ட்ஏபிஐ என்ற பைத்தான் கருவி வழியாக இணையப்பக்கத்துக்குக் கொடுங்கள். பிரவுசரில் தெரியும் பக்கத்துக்கு எப்படியும் ஜாவாஸ்கிரிப்ட் வேண்டும். குழுவில் ஒருவருக்கும் பைத்தான் வராது என்றால் முழுவதையும் ஜாவாஸ்கிரிப்டின் விரிவான டைப்ஸ்கிரிப்டில் எழுதினாலும் குடி முழுகாது. எல்லாருக்கும் தெரிந்த ஒரே மொழியில் பிழையைத் தேடுவது, பாதிப் பேருக்குத் தெரிந்த இரண்டு மொழிகளில் தேடுவதைவிட எவ்வளவோ மேல்.

எந்த மொழியானாலும் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். குரோமில் எஃப்12 அழுத்தி, கன்சோலில் 0.1 + 0.2 என்று தட்டுங்கள். 0.30000000000000004 என்று வரும். பைத்தானிலும் அதே விடைதான். கணினி பின்னங்களை இரும எண்ணாக (0, 1 மட்டும்) வைப்பதால் வரும் மிச்சம் இது. வரைபடம் போடுவதற்குப் பரவாயில்லை. காசுக் கணக்கில் ஆயிரம் பரிவர்த்தனை சேரும்போது கணக்கு இடிக்கலாம். பைத்தானில் தசமக் கணக்குக்கென்றே டெசிமல் என்ற வகை இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். ஜாவாஸ்கிரிப்டில் சென்னாக மாற்றி முழு எண்ணாக வைத்துக்கொள்ளலாம். ஏபிஐ சாவியை (விலைத் தளத்தோடு உங்கள் நிரலை இணைக்கும் ரகசியக் குறியீடு) பிரவுசர் பக்கத்துக் கோடில் வைக்காதீர்கள், கிட்ஹப்பிலும் ஏற்றிவிடாதீர்கள்.

கேள்வி: நான் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வேலை செய்கிறேன். மகள் எஸ்பிஎம் முடித்திருக்கிறாள். கிள்ளானில் ஒரு மையத்தில் ‘ஃபுல் ஸ்டாக்’ வகுப்பு 7,200 வெள்ளி, நான்கு மாதம், வேலை உறுதி என்கிறார்கள். 500 வெள்ளி முன்பணம் கட்டிவிட்டோம். எந்த மொழி கற்றுக்கொண்டால் அவளுக்கு நல்லது?

பதில்: அக்கா, மொழியை அப்புறம் பார்ப்போம். மீதி 6,700 வெள்ளியை இப்போது கட்டாதீர்கள்.

மகளுக்கு இந்த வேலை பிடிக்குமா என்று தெரிந்துகொள்ளச் செலவே இல்லை. ஃப்ரீகோட்கேம்ப், ஓடின் புராஜெக்ட் இரண்டும் முழுக்க இலவசம். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், அப்புறம் ஜாவாஸ்கிரிப்ட், இந்த வரிசையில் ஆறு வாரம் தினமும் இரண்டு மணி நேரம் உட்காரட்டும். போனில் வேண்டாம், பழைய லேப்டாப் ஆனாலும் கீபோர்ட் வேண்டும். ஆறு வாரம் கழித்து, குடும்பத்துக்கு ஒரு சின்னப் பக்கம் செய்து காட்டச் சொல்லுங்கள். அவளாகவே அடுத்ததைத் தேடிப் போகிறாள் என்றால் பணம் போடலாம். நீங்கள் தினமும் உட்காரச் சொல்ல வேண்டியிருந்தால் நான்கு மாத வகுப்பும் அப்படித்தான் போகும். அதில் அவள் மேல் குற்றம் ஒன்றும் இல்லை, வேறு படிப்பு பார்க்கலாம்.

ஏன் ஜாவாஸ்கிரிப்ட் முதலில் என்றால், பிரவுசர் நேரடியாகப் புரிந்துகொள்வது அதைத்தான். 1995-இல் வந்தது, இன்னும் அதன் இடத்தை வேறு எதுவும் பிடிக்கவில்லை. அதோடு, பின்னால் தரவைக் கையாளும் சர்வர் பக்கத்துக்கு ஒன்று வேண்டும். இரண்டும் சேர்ந்ததுதான் ‘ஃபுல் ஸ்டாக்’. கோலாலம்பூர், ஷா ஆலாம் பக்கத்துச் சின்ன நிறுவனங்களில் முதல் வேலை தேடுகிற பிள்ளைக்கு நான் பிஎச்பி-யையும் அதன் மேல் கட்டிய லாராவெல்லையும் சொல்வேன். இணையத்தில் சிலர் பிஎச்பி செத்துவிட்டது என்று எழுதுவார்கள். உலகத்து இணையத்தளங்களில் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் ஓடும் வேர்ட்பிரஸ் என்ற தளம் கட்டும் மென்பொருள் பிஎச்பியில்தான் எழுதப்பட்டிருக்கிறது. அதைப் பழுது பார்க்க ஆள் வேண்டியிருக்கிறது. ஒரு மொழியில் ஊன்றிவிட்டால் அடுத்தது சீக்கிரம் வரும், அதனால் முதல் மொழி தப்பாகிவிடுமோ என்று அவளைப் பயப்பட விடாதீர்கள்.

மையத்துக்குப் போய் மூன்று விஷயம் கேளுங்கள். வேலை உறுதி என்பதை ஒப்பந்தத்தில் எழுதித் தருவார்களா, வேலை கிடைக்காவிட்டால் எவ்வளவு திரும்பும், போன குழுவில் படித்த ஒருவரோடு பேச முடியுமா. போலிடெக்னிக்கிலும் கம்யூனிட்டி காலேஜிலும் இதே துறைக்குக் கட்டணம் எவ்வளவு என்று விசாரித்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் வழி இருக்கிறது. 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, தொடர்ந்து கிடைக்கப்போகும் சேவைக்கான ஒப்பந்தத்தை நீங்கள் ரத்து செய்ய அனுமதிக்கிறது. மையம் பிடித்துக்கொள்ளக்கூடியது மொத்தக் கட்டணத்தில் 5 விழுக்காடும், ஏற்கெனவே நீங்கள் பெற்ற பொருள், சேவையின் விலையும்தான். 7,200-க்கு 5 விழுக்காடு 360. வகுப்பு ஆரம்பிக்கவில்லை, புத்தகமும் வாங்கவில்லை என்றால் 500-இல் 140 வெள்ளியைக் கேட்கலாம். வாட்ஸ்அப்பில் பேசியது போதாது, கடிதமாக எழுதி நகல் வைத்துக்கொள்ளுங்கள். தர மறுத்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயம். மனுக் கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரையான கோரிக்கை, மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். வழக்கறிஞர் தேவையில்லை. 140 வெள்ளிக்காகவா என்று கூச்சப்படாதீர்கள் அக்கா, அது உங்கள் பணம்.

கேள்வி: பூஜைப் பொருள் கடை வைத்திருக்கிறேன். ஒருவர் ரியாக்ட், நோட் என்று 4,500 வெள்ளி கேட்கிறார். இன்னொருவர் வேர்ட்பிரஸில் 1,500-க்கு முடித்துத் தருகிறேன் என்கிறார். எது நல்ல மொழி?

பதில்: ஐயா, ரியாக்ட், நோட் என்றால் ஜாவாஸ்கிரிப்டில் புதிதாகக் கட்டுவது. உங்கள் கடைக்கு வேர்ட்பிரஸும் அதோடு சேரும் இணையக் கடைப் பகுதியான வூகாமர்ஸும் தாராளம். செய்தவர் ஊரை விட்டுப் போனாலும் அதைத் தெரிந்த இன்னொருவர் கிடைப்பார். மொழியைவிட முக்கியம், டொமைன் (இணைய முகவரி) உங்கள் பெயரில் பதிவாகிறதா என்பது. காம்.மை (.com.my) முகவரி வேண்டுமென்றால் உங்கள் எஸ்எஸ்எம் (நிறுவனப் பதிவு ஆணையம்) பதிவைக் கேட்பார்கள். அந்தப் பத்திரத்தை நீங்களே கொடுத்து, உங்கள் மின்னஞ்சலில் பதிவு செய்யச் சொல்லுங்கள். அட்மின் கடவுச்சொல், ஹோஸ்டிங் கணக்கு, ஆண்டுப் புதுப்பிப்புக் கட்டணம் எவ்வளவு, பேக்கப் யார் எடுப்பார், எல்லாம் ரசீதிலேயே எழுதி இருக்கட்டும். அதற்கு முன் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.