கோல்கீப்பரை விடுவதற்கு முன் அவர் காலைப் பாருங்கள்

கேள்வி: பெரம்பூர் பக்கம் ஒரு ஹாக்கி கிளப்புக்குச் செயலாளராக இருக்கிறேன். எங்கள் முதல் கோல்கீப்பர் என் சித்தி மகன்தான். வயது 31, ஒன்பது வருஷமாக எங்களுக்கு ஆடுகிறான். போன லீக்கில் 12 ஆட்டத்தில் 27 கோல் வாங்கினோம். பாதிக்கு மேல் ரீபவுண்டில், அதாவது தடுத்த பந்தை எதிரணி மறுபடி அடித்ததில், விழுந்தவை. இடது கிக்கரின் (ஷூவின் மேல் மாட்டும் ஃபோம் காப்பு) வார் அறுந்து, நாடா போட்டுக் கட்டிக்கொண்டுதான் ஆடினான், ஆனால் ஒரு நாளும் சாக்கு சொன்னதில்லை. அவனை விட்டுக்கொடுத்தால் தங்கள் டிராக் ஃபிளிக்கரை (பெனால்டி கார்னரில் பந்தை ஸ்டிக்கால் இழுத்துக் கோலுக்குள் வீசுபவர்) தருவதாக இன்னொரு அணி கேட்கிறது. எங்களிடம் 19 வயதில் ஒரு பையன் தயாராக இருக்கிறான். சொந்தம் பார்க்காமல் வேறு அணிக்குப் போக என்ஓசி (ஆட்சேபணையில்லாச் சான்று) கொடுத்துவிடலாமா?

பதில்: நாடா என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். உங்கள் கேள்விக்கான பதில் அந்த நாடாவில்தான் இருக்கிறது.

கோல்கீப்பர் வலது கையில் ஸ்டிக் பிடிக்கிறார். வலது பக்கம் தாழ்வாக வரும் பந்துக்கு ஸ்டிக்கும் உதவும், காலும் உதவும். இடது பக்கம் தரையோடு வருவதற்கு இடது கால்தான் கதி. உங்கள் அணியில் அந்தக் காலில் இருப்பது வார் அறுந்த கிக்கர். வார் தளர்ந்தால் கிக்கர் ஷூவின் மேல் சுழலும். வெளிப்பக்கம் விரட்ட வேண்டிய பந்து, விளிம்பில் பட்டுக் கோலுக்குள்ளேயே திரும்பும். வாரே அறுகிற அளவுக்குப் பழசென்றால் ஃபோமும் செத்திருக்க வாய்ப்பு அதிகம். 160 கிராம் பந்து நல்ல ஃபோமில் பட்டால் எகிறி ஓடும். செத்த ஃபோமில் பட்டால் முன்னாலேயே விழுந்து கிடக்கும், எதிரணி ஃபார்வர்ட் வந்து தட்டிவிட்டுப் போவார். பாதிக்கு மேல் ரீபவுண்ட் என்று நீங்களே கணக்கு எழுதியிருக்கிறீர்கள்.

சாக்கு சொல்லாததை அவருடைய நல்ல குணமாக எழுதியிருக்கிறீர்கள். கூடப்பிறந்த மாதிரி வளர்ந்த பிள்ளை, அண்ணனிடம் காசு கேட்கக் கூச்சப்பட்டு நாடா கட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். செயலாளராகவும் பார்க்கவில்லை, அண்ணனாகவும் பார்க்கவில்லை. இப்போது "சொந்தம் பார்க்காமல்" என்று கேட்கிறீர்கள். இத்தனை நாளும் எங்கே பார்த்தீர்கள்? வேறு வீட்டுப் பையன் என்றால் முதல் வாரமே வாய்விட்டுக் கேட்டிருப்பான், வாங்கியும் கொடுத்திருப்பீர்கள்.

இன்னொன்று. கிட் கிளப்புடையது என்றால், தம்பி போனதும் அதே கிக்கர் அந்த 19 வயதுப் பையன் காலுக்கு வரும். இடது பக்கம் அவனுக்கும் அதே கோல்கள் விழும், அடுத்த வருஷம் அவனையும் விற்பீர்கள். கிழிந்த கிட்டைக் கொடுத்து அடுத்தவர் வீட்டுப் பிள்ளையை டிராக் ஃபிளிக்குக்கு முன்னால் நிறுத்துவதும் பாவம், அதையும் சேர்த்து யோசியுங்கள்.

சோதித்துப் பார்க்க ஒரு சாயங்காலம் போதும். கிக்கரைக் கழற்றி, பந்து படும் முன்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். குழி உடனே நிமிராவிட்டாலோ, குறுக்கே மடிப்புக் கோடுகள் ஓடியிருந்தாலோ அது முடிந்தது. பிறகு தம்பியை கோலில் நிறுத்தி, கோலுக்கு முன்னுள்ள வட்டத்தின் விளிம்பிலிருந்து, அதாவது 14.63 மீட்டரிலிருந்து, இன்னொருவரை ஒரே வேகத்தில் இடது காலுக்குப் பத்து, வலது காலுக்குப் பத்து தள்ளச் சொல்லுங்கள். பந்து நிற்கிற இடத்தில் கூம்பு வையுங்கள். இரண்டு பக்கமும் ஒரே தூரம் போனால் நான் சொன்னது தப்பு. லெக்கார்டுக்கும் (முழங்காலுக்குக் கீழே கட்டும் காப்பு) கிக்கருக்கும் நடுவே இடைவெளி தெரிகிறதா என்றும் குனிந்து பாருங்கள்.

அந்த 27 கோலையும் பிரித்து எழுதுங்கள். பெனால்டி கார்னரில் நேராக விழுந்தது, தடுத்தபின் ரீபவுண்டில் விழுந்தது, தனியாக எதிர்கொண்டதில் விழுந்தது என்று மூன்றாக. ரீபவுண்டில் விழுந்ததற்கு டிஃபெண்டர்களும் பொறுப்பு. கார்னரில் கோல்கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர் நிற்கிறார்கள். தடுத்த பந்தை வெளியேற்ற இடது போஸ்ட்காரர் எத்தனை முறை வந்தார்?

டிராக் ஃபிளிக்கர் விஷயம் சின்னது. பெனால்டி கார்னரில் கோல் போஸ்டிலிருந்து 10 மீட்டர் தள்ளி நின்று ஒழுங்காகப் பந்தை உள்ளே தள்ளுபவரும், வட்டத்துக்கு வெளியே அதைச் செத்த பந்தாக நிறுத்துபவரும் இல்லாமல் அவர் மட்டும் வந்து என்ன செய்வார்? அந்த இருவர் உங்களிடம் இருப்பதாகக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

31 வயது கோல்கீப்பருக்கு முதுமை அல்ல. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்திய கோல்கீப்பர் ஸ்ரீஜேஷுக்கு வயது 36. காலிறுதியில் 10 பேராக ஆடிய இந்தியா, பிரிட்டனை, கோல்கீப்பரை ஒருவர் மட்டும் எதிர்கொள்ளும் ஷூட்அவுட்டில் 4-2 என்று வென்றது, பிறகு வெண்கலமும் வந்தது. அவருக்குப் பின்னால் கிருஷன் பதக் வருஷக்கணக்கில் இரண்டாமவராக இருந்துதான் தேறினார். உங்கள் பையனுக்கும் அந்த வாய்ப்பு வேண்டும். சின்ன ஆட்டங்களில் முழு ஆட்டமாகக் கொடுங்கள். ஜெயித்துக்கொண்டிருக்கும்போது கடைசிக் கால்மணி நேரம் இறக்கினால் எதுவும் தெரியாது.

புது கிக்கரோடு ஐந்தாறு ஆட்டம் பாருங்கள். அப்போதும் ஷூட்அவுட்டில் கோலடிக்கக் கொடுக்கும் 8 விநாடியில் ஆள் நெருங்கும் முன்பே தரையில் விழுகிறார், பக்கவாட்டில் கால் எழவில்லை என்றால், மாற்ற வேண்டியதுதான். அந்தப் பேச்சை மூன்றாம் மனிதர் மூலம் சொல்லியனுப்பக் கூடாது. சித்தி வீட்டுக்கு நீங்களே போய், அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அவருக்கே போக விருப்பமா என்றும் கேளுங்கள், இதுவரை கேட்டதாகத் தெரியவில்லை.

கிக்கர் வாங்கப் போகும்போது அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், ஆட்டத்துக்குப் போடுகிற ஷூவோடு. ஒற்றை வாங்காதீர்கள், ஜோடியாக வாங்குங்கள். பழையதைப் பையனுக்குக் கொடுக்காதீர்கள்.