நீங்கள் பார்த்தது எந்த ‘பிளேட் ரன்னர்’?

1982-ல் வந்த ‘பிளேட் ரன்னர்’ படத்துக்கு 35 வருடம் கழித்து, 2017 அக்டோபரில், ‘பிளேட் ரன்னர் 2049’ என்று இரண்டாம் பாகம் வந்தது. முதல் படத்தை இயக்கியவர் ரிட்லி ஸ்காட், இரண்டாவதை இயக்கியவர் டெனி வில்நவ். மனித உருவில் தயாரித்த செயற்கை மனிதர்கள்தான் ‘ரெப்ளிகன்ட்’கள்; தப்பி ஓடும் அவர்களை வேட்டையாடுபவர் ‘பிளேட் ரன்னர்’. முதல் படத்தின் பிளேட் ரன்னர் டெக்கார்ட், அவன் காதலிக்கும் ரெப்ளிகன்ட் ரேச்சல். இரண்டு படங்களும் வாசகர்களை இன்றும் இரண்டு கட்சியாகப் பிரித்து வைத்திருக்கின்றன. வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில்கள் இங்கே.

கேள்வி: எனக்கு ‘2049’ உயிர். என் சித்தப்பாவோ, “முதல் படத்தோட முடிவையே கெடுத்துட்டாங்க” என்கிறார். ஒரே முதல் படத்தைப் பார்த்துவிட்டு எப்படி இவ்வளவு வித்தியாசம்?

பதில்: நீங்கள் இருவரும் ஒரே முதல் படத்தைப் பார்த்திருக்க மாட்டீர்கள் என்பதே எங்கள் கணிப்பு. சித்தப்பாவிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: “கடைசியில் டெக்கார்டும் ரேச்சலும் பச்சைப் பசேலென்ற மலைகளுக்கு நடுவே காரில் போனார்களா?” ஆமாம் என்றால் அவர் பார்த்தது 1982-ல் தியேட்டருக்கு வந்த பதிப்பு. அதில் டெக்கார்டாக நடித்த ஹாரிஸன் ஃபோர்டின் பின்னணிக் குரல் படம் முழுக்கக் கதை சொல்லும். கடைசியில் அதே குரல், ‘ரேச்சலுக்கு மற்ற ரெப்ளிகன்ட்களைப் போல நான்கு வருட ஆயுள் கணக்கு கிடையாது’ என்ற பொருளில் ஆறுதல் சொல்லி நம்மை அனுப்பிவைக்கும். அந்த மலைக்காட்சிகள்கூட ஸ்டான்லி குப்ரிக் ‘தி ஷைனிங்’ படத்துக்கு எடுத்து மிச்சம் வைத்திருந்தவை.

1992-ல் வந்த ‘டைரக்டர்ஸ் கட்’ பதிப்பில் பின்னணிக் குரலும் இல்லை, மலையும் இல்லை. லிஃப்ட் கதவு மூடுகிறது, படம் முடிகிறது. 2007-ல் ஸ்காட் முழு உரிமையோடு செதுக்கிய ‘ஃபைனல் கட்’டிலும் அதே முடிவுதான்.

இனி ‘2049’-க்கு வாருங்கள். ரேச்சல் 2021-லேயே பிரசவத்தில் இறந்துவிட்டாள் என்கிறது அது. லிஃப்ட் கதவோடு படத்தை முடித்தவருக்கு இது, திறந்து கிடந்த கேள்விக்குக் கிடைத்த துயரமான பதில். மலைக்காட்சியோடு முடித்தவருக்கோ, கையில் கொடுத்த வாக்கைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி. சித்தப்பாவின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அந்தக் கோபம் போய்ச் சேர வேண்டிய இடம் 1982-ல் ஸ்டூடியோ ஒட்டிய அந்த வால்தானே தவிர, வில்நவ் அல்ல.

கேள்வி: டெக்கார்ட் மனிதனா, ரெப்ளிகன்டா? இரண்டாம் பாகம் இதைத் தீர்த்துவிட்டதா?

பதில்: தீர்க்கவில்லை, வேண்டுமென்றே. ஸ்காட் அவன் ரெப்ளிகன்ட் என்கிறார். ஃபோர்ட் மனிதன் என்றே நினைத்து நடித்ததாகப் பல காலம் சொல்லிவந்தார். வில்நவ் இரண்டு பக்கமும் சாயவில்லை.

சண்டையின் வேர் ஒரு ஜிகினாத்தாள் குதிரையில் இருக்கிறது. காஃப் என்ற போலீஸ்காரர் மடித்து, டெக்கார்டின் வீட்டு வாசலில் விட்டுப்போகும் ஒற்றைக்கொம்புக் குதிரை எல்லாப் பதிப்புகளிலும் உண்டு. 1982 பதிப்பில் அதற்கு ஒரே பொருள்தான்: ‘இங்கே வந்தேன், ரேச்சலைப் பார்த்தேன், விட்டுவிட்டேன்.’ 1992-ல் ஸ்காட் சில நொடிகள் நீளும் ஒரு கனவைச் சேர்த்தார். டெக்கார்ட் பியானோ அருகே உட்கார்ந்திருக்கும்போது மனக்கண்ணில் ஒற்றைக்கொம்புக் குதிரை ஓடும். யாரிடமும் சொல்லாத கனவு காஃபுக்கு எப்படித் தெரிந்தது? புகுத்தப்பட்ட நினைவாக இருந்தால்தான் தெரியும். அந்தச் சில நொடிகள் கதையையே புரட்டிப்போட்டன.

இன்னொரு ஆதாரம் என்று சிலர் காட்டுவது எண்ணிக்கைக் கணக்கு. 1982 பதிப்பில் அதிகாரி ப்ரையன்ட், ஆறு ரெப்ளிகன்ட்கள் தப்பினார்கள், ஒருவர் மின்வேலியில் கருகினார் என்பார். மிச்சம் ஐந்து பேர், ஆனால் படத்தில் வருவது நான்கு பேர்தான். ஐந்தாவது ஆள் டெக்கார்ட் என்று ரசிகர்கள் பிடித்துக்கொண்டார்கள். உண்மையில் அது, ஒரு பாத்திரத்தைப் படப்பிடிப்பில் கைவிட்டதால் வந்த கணக்குப் பிழை. ‘ஃபைனல் கட்’டில் வசனத்தை “இரண்டு பேர் கருகினார்கள்” என்று திருத்திவிட்டார்கள். எண்ணிக்கையை வைத்து வாதாடாதீர்கள், தோற்றுவிடுவீர்கள். ஒற்றைக்கொம்புக் குதிரையை வைத்து வாதாடுங்கள்.

கேள்வி: ‘2049’-ல் ஆவணக் காப்பகத்தில் ஒரே டி.என்.ஏ. கொண்ட ஆண் குழந்தையும் பெண் குழந்தையும் இருக்கிறார்கள். இது ஓட்டைதானே?

பதில்: ஓட்டை அல்ல, துப்பு. முழுக்க ஒரே டி.என்.ஏ. என்றால் ஒரே பால்தான் இருக்க முடியும். எனவே இரண்டில் ஒரு பதிவு பொய். ரேச்சலின் குழந்தையைத் தேடும் ரெப்ளிகன்ட் போலீஸான கதாநாயகன் கே-யும் அங்கேயே, ‘ஒன்று நகல்’ என்று கண்டுகொள்கிறான். அவன் சறுக்குவது அடுத்த படியில். பெண் நோயில் இறந்தாள், ஆண் காணாமல் போனான் என்று பதிவு சொல்வதால், மிஞ்சியது ஆண் என்று எடுத்துக்கொள்கிறான். மரக்குதிரையின் அடியில் செதுக்கிய 6.10.21 என்ற தேதி தன் நினைவில் இருப்பதால், அந்த ஆண் தானே என்று நம்பிவிடுகிறான். பிறந்தது ஒரே குழந்தை, அதுவும் பெண். ஆண் என்ற பதிவு தேடுகிறவர்களைத் திசைதிருப்பச் செய்த நகல்.

நினைவுகளை வடிவமைக்கும் ஸ்டெலினைப் பார்க்கப் போகும் காட்சியை மறுபடி போட்டுப் பாருங்கள். கே-யின் நினைவைக் கருவியில் பார்த்ததும் அவள் கண் கலங்கி, இது ஒருவர் நிஜமாக வாழ்ந்தது என்கிறாள். ‘நீ வாழ்ந்தது’ என்று சொல்லவே இல்லை. அந்தக் குழந்தையே அவள்தான்; தன் சொந்த நினைவையே பார்த்து அழுகிறாள். அவன் நாற்காலியை உதைத்துக் கத்துகிறான். முதல் தடவை பார்க்கும்போது நம் கண் அவன் மேலேயே இருக்கும். இரண்டாம் தடவை அவளை மட்டும் பாருங்கள்.

கேள்வி: கே-யின் வீட்டில் இருக்கும் ஹோலோகிராம் (ஒளிப்பிம்ப) துணை ‘ஜாய்’ அவனைக் காதலித்தாளா? என் தோழி “அது விற்பனைப் பொருள், அவ்வளவுதான்” என்கிறாள். பெண்களைக் காட்டிய விதமும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

பதில்: உங்கள் தோழிக்குப் பலமான சாட்சி, பாலத்தின் மேல் வரும் காட்சி. கே-யின் வீட்டு ஜாய் அழிந்துபோன பிறகு, விளம்பரத்துக்கான பிரம்மாண்ட ஜாய் ஒன்று இளஞ்சிவப்பு உடம்போடு, கருவிழி மட்டுமே தெரியும் கண்களோடு, குனிந்து அவனை நோக்கி விரல் நீட்டுகிறது. ‘ஜோ’ என்று அழைக்கிறது. அது அவனுடைய ஜாய் அவனுக்கு மட்டுமே வைத்த பெயர் என்று அவனும் நினைத்திருந்தான், நாமும் நினைத்திருந்தோம். எல்லா வாடிக்கையாளருக்கும் அதே பெயர்தான் என்று ஒரு நொடியில் தெரிகிறது. கே-யாக நடித்த ரையன் காஸ்லிங் அந்த இடத்தில் வசனமே பேசுவதில்லை. மூக்கில் பிளாஸ்திரி, முகமெல்லாம் காயம், அந்தப் பிம்பத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

உங்கள் பக்கச் சாட்சியும் லேசானதல்ல. லாஸ் வேகாஸுக்குப் புறப்படும் முன், தன்னை வீட்டுக் கருவியிலிருந்து அழித்துவிட்டுக் கையடக்கக் கருவிக்கு மாற்றச் சொல்வதும், அதன் ஆன்டெனாவை ஒடிக்கச் சொல்வதும் ஜாய்தான். அதன் பிறகு அந்தக் கருவி நொறுங்கினால் அவளும் போனாள். தயாரித்த நிறுவனத்துக்கு அவனைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க அவள் தரும் விலை அது. வாடிக்கையாளரைத் திருப்திப்படுத்தும் நிரல், நிறுவனத்துக்கே எதிராகப் போகுமா?

எங்கள் கட்சி இது: ஜாய் நிஜமா என்பதைவிட, பாலத்தில் நின்றபின் கே என்ன செய்கிறான் என்பதே முக்கியம். புரட்சிக்காரர்கள் டெக்கார்டைக் கொல்லச் சொல்கிறார்கள். அவன் காப்பாற்றப் போகிறான். விளம்பரமும் சொல்லவில்லை, தலைவியும் சொல்லவில்லை. அவனாக எடுத்த முதல் முடிவு அது.

பெண்களைப் பற்றிய குறையில் ஒன்றை மறுக்கவே முடியாது. ரெப்ளிகன்ட்களைத் தயாரிக்கும் நிறுவனத்தின் முதலாளி வாலஸ், பையிலிருந்து விழுந்த பெண் ரெப்ளிகன்டின் வயிற்றைக் கிழிக்கும் காட்சி. அவனுடைய கொடூரத்தை அவன் உதவியாளர் லவ்வின் கன்னத்தில் வழியும் கண்ணீர் ஒன்றே காட்டிவிடுகிறது. அந்த நிர்வாண உடலை அவ்வளவு நேரம் காட்டியிருக்க வேண்டியதில்லை. தோழியிடம் இதை ஒப்புக்கொண்டுவிட்டு வாதத்தைத் தொடருங்கள்.

கேள்வி: டெக்கார்ட் “அவள் கண்கள் பச்சை” என்கிறாரே? முதல் படத்தில் ரேச்சலின் கண் பழுப்பு அல்லவா?

பதில்: நடிகை ஷான் யங்கின் கண் பழுப்புதான். ஆனால் முதல் படத்தில் அவளைச் சோதிக்கும்போது கருவியின் திரையில் வரும் கண் பச்சையாகத் தெரியும். அதனால் இரு தரப்பும் ஆளுக்கொரு ஃபிரேமை நிறுத்திக் காட்டமுடியும். காட்சியின் போக்கைப் பார்த்தால் பொய் என்றே தோன்றுகிறது. வாலஸ் கொண்டுவந்து நிறுத்திய புதிய ரேச்சல் அச்சு அசலாக இருக்கிறாள். அவளை மறுக்க ஒரு காரணம் வேண்டும், கைக்குக் கிடைத்ததைச் சொல்கிறார். அந்தப் புதிய ரேச்சலுக்கு உடல் வேறொரு நடிகையுடையது, முகம் கணினியில் செய்தது.

கேள்வி: ஆஸ்கர் வாங்கிய படம் வசூலில் ஏன் சறுக்கியது?

பதில்: ஆஸ்கர் இரண்டு: ரோஜர் டீக்கின்ஸின் ஒளிப்பதிவுக்கும் விஷுவல் எஃபெக்ட்ஸுக்கும். டீக்கின்ஸுக்கு அது 14-வது பரிந்துரை, முதல் வெற்றி. வசூலில், 15 கோடி டாலருக்குக் குறையாத செலவுக்கு உலகம் முழுக்க 25 கோடியைத் தாண்டியது. கேட்க லாபம் போலத் தெரியும். டிக்கெட் பணத்தில் ஏறக்குறையப் பாதி தியேட்டர்களுக்குப் போகும், விளம்பரச் செலவு தனி. அந்தக் கணக்கில் நஷ்டம். படம் 163 நிமிடம், அதனால் ஒரு திரையில் நாளுக்கு ஒரு காட்சி குறைகிறது. கதையை வெளியிட வேண்டாம் என்று விமர்சகர்களையே கேட்டுக்கொண்டார்கள்; முதல் படத்தைப் பார்க்காத இளைஞர்களுக்கு டிரெய்லரில் பிடிப்பதற்கு எதுவும் இல்லை. வந்து பார்த்தவர்களுக்குப் பிடித்தது, வெளியே இருந்தவர்கள் உள்ளே வரவில்லை. முதல் படத்துக்கும் இதே கதிதான்: ஸ்பீல்பெர்க்கின் ‘இ.டி.’ வந்த இரண்டே வாரத்தில் வெளியாகி, அதன் கூட்டத்தில் நசுங்கியது.

கேள்வி: இசை, முதல் படத்துக்கு இசையமைத்த வாங்கெலிஸ் அளவுக்கு இல்லையே?

பதில்: முதலில் யோஹான் யோஹான்சன் இசையமைத்துவந்தார். பாதியில் மாற்றி, ஹான்ஸ் ஸிம்மரும் பெஞ்சமின் வால்ஃபிஷும் வந்தார்கள். வாங்கெலிஸ் வாசித்த யமஹா சி.எஸ்.-80 சின்தசைசரையே இவர்களும் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் வாங்கெலிஸிடம் மெட்டு இருந்தது, இங்கே பெரும்பாலும் அதிர்வுதான். கே பனிப்படியில் சாயும்போது மட்டும், முதல் படத்தின் ரெப்ளிகன்ட் தலைவன் ராய் மழையில் இறந்தபோது வந்த பழைய மெட்டு திரும்புகிறது. இந்த விஷயத்தில் எங்கள் ஓட்டு முதல் படத்துக்கே.

கேள்வி: இரண்டையும் வீட்டு டிவியில் பார்க்கப்போகிறோம். எந்த வரிசை? போன தடவை வசனம் கேட்கவில்லை, படம் சீரியல் மாதிரி இருந்தது.

பதில்: முதலில் ‘ஃபைனல் கட்’, 117 நிமிடம். தலைப்பில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். ஒரு நாளாவது இடைவெளி விட்டு, 2049-க்கு முன்னோட்டமாக வந்த மூன்று குறும்படங்களைக் கதை நடக்கும் வருட வரிசையில், 2022, 2036, 2048 என்று பாருங்கள். மூன்றும் சேர்ந்து அரை மணி நேரத்துக்குள் முடியும். நேரமில்லையென்றால் 2022 மட்டும் போதும். ஆவணங்கள் ஏன் அழிந்தன என்பது அதில்தான் இருக்கிறது. பிறகு ‘2049’. இடைவேளை வேண்டுமென்றால், கே லாஸ் வேகாஸுக்குக் கிளம்பும் இடத்தில் நிறுத்துங்கள்.

சீரியல் மாதிரித் தெரிவதற்குக் காரணம் டிவி. நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்துக்கு நடுவே அது தானாகவே ஃபிரேம்களைச் செருகுகிறது. சோனியில் ‘மோஷன்ஃப்ளோ’, எல்ஜியில் ‘ட்ரூமோஷன்’, சாம்சங்கில் ‘ஆட்டோ மோஷன் ப்ளஸ்’ அல்லது ‘பிக்சர் கிளாரிட்டி’ என்று இருக்கும், அணைத்துவிடுங்கள். பிக்சர் மோடை ‘விவிட்’டிலிருந்து ‘சினிமா’ அல்லது ‘ஃபிலிம்மேக்கர்’ என்று மாற்றுங்கள். விவிடில் வேகாஸின் ஆரஞ்சுப் புழுதி திட்டுத் திட்டாகிவிடும். அறை வெளிச்சத்தைப் பார்த்துத் திரையை மங்கவைக்கும் எகோ சென்ஸாரையும் அணையுங்கள், இல்லாவிட்டால் மழைக்காட்சிகள் கரிப்பூச்சாகிவிடும். வெளிச்சத்தையும் இருளையும் கூடுதல் வித்தியாசத்தோடு காட்டும் ஹெச்.டி.ஆர். பதிப்பும் கண்ணைப் பறிக்காது. இந்தப் படத்தை அப்படித்தான் அடக்கமாகச் செய்திருக்கிறார்கள். பிரைட்னஸை ஏற்றினால் கறுப்பு சாம்பலாகும். மேலும் கீழும் வரும் கறுப்புப் பட்டைகளை ‘ஜூம்’ போட்டு நிரப்பாதீர்கள், பக்கவாட்டில் படம் வெட்டுப்படும்.

வசனம் அமுங்குவது, ஆறு ஸ்பீக்கருக்கான 5.1 ஒலி இரண்டு ஸ்பீக்கருக்குள் திணிக்கப்படுவதால். டிவி ஸ்பீக்கர் மட்டும்தான் என்றால் ஆடியோவை ஸ்டீரியோவுக்கு மாற்றுங்கள். நடு ஸ்பீக்கர் தனியாக இருந்தால் அதை மட்டும் 2 அல்லது 3 டெசிபல் ஏற்றுங்கள். ‘நைட் மோட்’ போட்டால் வசனம் மேலே வரும், ஆனால் இசையின் இடி போய்விடும். அக்கம்பக்கம் தூங்கும் நேரத்துக்கு மட்டும் அது. சப்டைட்டில் போட்டுக்கொள்ளத் தயங்க வேண்டாம், வாலஸ் பேசும் காட்சிகளுக்குக் கட்டாயம் தேவைப்படும்.