இரவு இரண்டு மணிக்கு முடிவு வராது

வாசகர் கேள்வி – பதில்

(பதில் எழுதுபவர் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் ஒரு கம்யூனிட்டி கல்லூரியில் (இரண்டாண்டுக் கல்லூரி) 22 ஆண்டுகள் மாணவர் ஆலோசகராக இருந்து ஓய்வு பெற்றவர்.)

என் மகன் குப்பர்டினோவில் டி ஆன்சா கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். பொருளாதாரம். மூன்றாம் ஆண்டுக்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ, டேவிஸ் வளாகங்களுக்கு நவம்பரில் விண்ணப்பித்தான். டேவிஸுக்கு மட்டும் ‘டேக்’ (இடத்தை முன்கூட்டியே உறுதி செய்யும் விண்ணப்பம்) போட்டிருக்கிறான். மார்ச் பிறந்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அவனுடைய கடவுச்சொல் என்னிடம் இருப்பதால் இரவு இரண்டு மணிக்கு எழுந்து நான்கு வளாகங்களின் பக்கத்தையும் திறந்து பார்க்கிறேன். அவனோ வேளைக்குச் சாப்பிடுகிறான், படுத்தவுடன் தூங்கிவிடுகிறான். சென்னையிலிருந்து அண்ணி விசாரித்தால் “காலேஜில் படிக்கிறான்” என்று மட்டும் சொல்லிப் பேச்சை மாற்றிவிடுகிறேன். நான் என்ன செய்யட்டும்?
– ஒரு தாய், சன்னிவேல்

சகோதரி, முதல் வேலையாக அந்தக் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளும்படி மகனிடம் சொல்லிவிடுங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள். காரணத்தோடுதான் சொல்கிறேன்.

என் அறைக்கு ஒரு ஏப்ரல் மாதம் ஒரு பையன் வந்தான். கால்குலஸ் வகுப்பின் நடுவில் அம்மாவின் அழைப்பு வந்திருக்கிறது. பதறிப்போய் வெளியே வந்து எடுத்தால் மறுமுனையில் அழுகை. வீட்டில் யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்திருக்கிறான். பிறகுதான் புரிந்தது, அவனுக்கு முன்பே அவன் அம்மா முடிவைப் பார்த்துவிட்டார். “இடம் கிடைக்கவில்லை என்பதை நான் படிக்கவே இல்லை மேடம், அம்மா அழுததைத்தான் கேட்டேன்” என்றான். அந்தப் பையனுக்கு இரண்டு நாள் கழித்து வேறொரு வளாகத்தில் இடம் கிடைத்தது. அதைக் கொண்டாட வேண்டிய நாளில் அம்மாவைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தான். முடிவு அவனுடையது. நல்லதோ கெட்டதோ, முதலில் படிக்கும் கண்கள் அவனுடையவையாக இருக்கட்டும்.

மேலும், இரவு இரண்டு மணிக்கு எதுவும் வராது. நான் பார்த்தவரை முடிவுகள் பெரும்பாலும் பிற்பகலில், வேலை நேரம் முடிவதை ஒட்டித்தான் வெளியாகும். மாற்றுச் சேர்க்கை (இரண்டாண்டுக் கல்லூரியிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு மாறுவது) முடிவுகளுக்கு மார்ச் தொடக்கம் முதல் ஏப்ரல் 30 வரை காலம் இருக்கிறது. ஒரு வளாகம் முந்தும், ஒன்று கடைசி வாரம் வரை இழுக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வந்துவிட்டது, நம் பிள்ளைக்கு வரவில்லை என்பதற்கு எந்த அர்த்தமும் கிடையாது.

உங்கள் மகனின் கோப்பில் இப்போது என்ன இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். நவம்பரில் கொடுத்த விண்ணப்பம். ஜனவரி 31-க்குள் இலையுதிர் பருவ மதிப்பெண்களைச் சேர்த்து அனுப்பிய புதுப்பிப்பு. விண்ணப்பக் கேள்விகளுக்கு ஒவ்வொன்றும் 350 சொற்களுக்குள் அவன் எழுதிய நான்கு பதில்கள். பொதுவாகப் பரிந்துரைக் கடிதம்கூடக் கேட்பதில்லை. இனி யாரையும் பார்த்து, யாரிடமும் சொல்லி எதையும் நகர்த்த முடியாது. நம் ஊரில் வளர்ந்த நமக்கு இது புரியச் சிரமமாக இருக்கிறது. யாரையாவது பிடித்தால் ஏதாவது நடக்கும் என்று கை பரபரக்கும். இங்கே பிடிக்க ஆள் இல்லை.

இன்னும் மாறக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: அவனுடைய வசந்தகாலப் பருவத்து மதிப்பெண்கள். டி ஆன்சாவில் அந்தப் பருவம் ஏப்ரலில் தொடங்கி ஜூன் கடைசி வரை ஓடும். மொத்தமே 12 வாரம். முடிவுகள் வரும் அதே வாரங்களில்தான் முதல் வினாடிவினா, முதல் ஒப்படைப்பு எல்லாம் வரும். ஏப்ரலில் ‘இடம் உண்டு’ என்று வருவது நிபந்தனையோடு வரும் வார்த்தை. விண்ணப்பத்தில் எழுதிய பாடங்களைச் சொன்னபடி முடிக்க வேண்டும், மதிப்பெண் சரியக்கூடாது, இறுதி மதிப்பெண் பட்டியல் ஜூலை 1-க்குள் போய்ச் சேர வேண்டும். ஏப்ரலில் இனிப்பு கொடுத்துவிட்டு, ஒரு பாடத்தில் ‘டி’ கிரேடு வாங்கியதால் ஜூலையில் என் அறையில் தலை கவிழ்ந்து உட்கார்ந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே உங்கள் மகன் வேளைக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்குவது அலட்சியம் என்று எண்ணாதீர்கள். இந்த வீட்டில் இப்போது செய்ய வேண்டிய வேலையைச் செய்துகொண்டிருப்பவன் அவன்தான்.

‘டேக்’ பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அந்த இடத்தில்தான் மகிழ்ச்சி. டேவிஸ், இர்வைன், மெர்சிட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள், தாங்கள் சொன்ன பாடங்களையும் மதிப்பெண்ணையும் எட்டிய கம்யூனிட்டி கல்லூரி மாணவனுக்கு இடத்தை உறுதி செய்யும் ஏற்பாடு அது. ஒரு மாணவன் ஒரு வளாகத்துக்குத்தான் கேட்கலாம். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ அதில் இல்லை. அதற்கான விண்ணப்பம் செப்டம்பர் மாதத்தோடு மூடிவிடும். ஆக, நீங்கள் கவலைப்படத் தொடங்குவதற்கு ஆறு மாதம் முன்பே உங்கள் பிள்ளை உட்கார்ந்து யோசித்துத் தன் காலுக்கடியில் ஒரு பலகையைப் போட்டுக்கொண்டிருக்கிறான். டேவிஸ் அந்த விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டதா என்று ஒருமுறை கேளுங்கள். ஆம் என்றால், சொன்ன நிபந்தனைகளைக் காப்பாற்றும்வரை அவனுக்கு ஓர் இடம் இருக்கிறது. மற்ற மூன்றும் அதற்கு மேல் ஆசைப்பட்டுக் கேட்டவை. எல்லாம் வந்தபிறகு எங்கே போவது என்று சொல்ல ஜூன் 1 வரை அவகாசம் உண்டு. கல்விக்கட்டண உதவி, விடுதிச் செலவு எல்லாவற்றையும் அப்போது மேசையில் பரப்பிவைத்துப் பேசுங்கள்.

இனி அண்ணி விஷயம். இதைப் படித்தபோது எனக்கு மனம் கசந்தது, மறைக்க மாட்டேன். டி ஆன்சா ஒரு கம்யூனிட்டி கல்லூரி. ‘கம்யூனிட்டி’ என்ற சொல்லை விழுங்கிவிட்டு ‘காலேஜ்’ என்று மட்டும் சொல்கிறீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும் பிள்ளைக்கு அது கேட்கிறது. என்னிடம் வந்த எத்தனையோ தமிழ்ப் பிள்ளைகள் இதே கதையைச் சொல்லியிருக்கிறார்கள். “கோயிலில் யாராவது கேட்டால் அப்பா என்னை முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுவார்” என்றாள் ஒருத்தி.

நானும் அந்த வழியில் வந்தவள்தான். 1992-இல் கல்யாணமாகி இங்கே வந்தேன். கைக்குழந்தையை அக்கம்பக்கத்தில் விட்டுவிட்டு மாலை வகுப்புகளில் சேர்ந்தேன். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் “சும்மா ரெண்டு கிளாஸ் போகிறாள்”. 1995 வசந்தத்தில் பல்கலைக்கழகப் பதிலுக்காகக் காத்திருந்தபோது கணினியும் இல்லை, கடவுச்சொல்லும் இல்லை. குடியிருப்பின் வாசலில் வரிசையாக இரும்புத் தபால்பெட்டிகள். தபால்காரர் இரண்டே முக்காலுக்கு வருவார். குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு இரண்டரைக்கே அங்கே போய் நிற்பேன். கனத்த உறை என்றால் இடம் உண்டு, மெல்லிய உறை என்றால் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். முதலில் வந்தது மெல்லியது. பிரிக்காமலே பையில் போட்டுக்கொண்டு போய்க் குழம்பு வைத்தேன். கனத்த உறை வந்தது எட்டு நாள் கழித்து. அந்த எட்டு நாளும் என் மாமியார் ஊரிலிருந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஏனென்றால் நான் விண்ணப்பித்ததே அவருக்குத் தெரியாது. துணைக்கு ஒருவர் இருந்திருந்தால் அந்த எட்டு நாள் எப்படி இருந்திருக்கும் என்று இன்றும் நினைப்பேன்.

அடுத்த முறை அண்ணி கேட்டால் கல்லூரியின் பெயரை முழுதாகச் சொல்லுங்கள். மகன் வீட்டில் இருக்கும்போதே சொல்லுங்கள்.

அமெரிக்காவில் என் பேத்தி இரண்டு வருடம் ஒரு கல்லூரியில் படித்துவிட்டு இப்போது வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறப்போகிறாளாம். பதில் வரவில்லை என்று மகனும் மருமகளும் தவிக்கிறார்கள். பாதியில் டி.சி. வாங்கிக்கொண்டு போவது எங்கள் காலத்தில் தேறாத பிள்ளைகள் செய்வது. அவள் அங்கே சரியாகப் படிக்கவில்லையா?
– ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு தாத்தா

ஐயா, உங்கள் பேத்தி நன்றாகப் படித்ததால்தான் மாறவே விண்ணப்பிக்க முடிந்திருக்கிறது. நம் ஊரில் பாலிடெக்னிக் முடித்த பிள்ளை பொறியியல் கல்லூரியில் நேராக இரண்டாம் ஆண்டில் சேர்கிறதே, அதைப்போல வைத்துக்கொள்ளுங்கள். இங்கே முதல் இரண்டு ஆண்டுப் பாடங்களைக் கம்யூனிட்டி கல்லூரியில் முடித்துவிட்டு மூன்றாம் ஆண்டில் பல்கலைக்கழகத்துக்குள் நுழைகிறார்கள். பட்டம் பல்கலைக்கழகத்தின் பெயரில்தான் கிடைக்கும்.

உங்கள் பேத்தி எந்த மாநிலத்தில் இருக்கிறாள் என்று நீங்கள் எழுதவில்லை. கலிஃபோர்னியாவைப் பற்றி நான் சொல்கிறேன். 1960-இல் கிளார்க் கெர் பல்கலைக்கழகத் தலைவராக இருந்தபோது மாநிலம் முழுமைக்கும் உயர்கல்விக்கு ஒரு பெருந்திட்டம் வகுத்தார்கள். பள்ளி முடிப்பவர்களில் முதல் எட்டில் ஒரு பங்கினருக்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், முதல் மூன்றில் ஒரு பங்கினருக்கு மாநிலக் கல்லூரிகள், மற்ற எவருக்கும் இரண்டாண்டுக் கல்லூரிகள். பதினேழு வயதில் முதல் வரிசையில் இடம் பிடிக்காத பிள்ளைக்கு இருபது வயதில் அதே கதவைத் திறந்துவைக்க வேண்டும் என்பதுதான் அந்தத் திட்டத்தின் நெஞ்சம். இன்று இங்கே 116 கம்யூனிட்டி கல்லூரிகள் இருக்கின்றன. முதலாண்டில் சேரும் இரண்டு பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் மாற்று மாணவர்களைச் சேர்ப்பதைப் பல்கலைக்கழகம் தன் இலக்காகவே வைத்திருக்கிறது. பணம் பற்றியும் சொல்கிறேன். டி ஆன்சாவில் மாநிலவாசிக்கு ஒரு பருவத்தில் ஓர் அலகுக்கு (பாடத்தின் அளவைக் குறிக்கும் கணக்கு) 31 டாலர். பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆண்டுக்குக் கட்டவேண்டியதில் பெரும்பகுதியை உங்கள் மகனுக்கு மிச்சப்படுத்திக் கொடுத்த பெண் அவள்.

ஒரு வேண்டுகோள். உங்கள் காலை எட்டரை மணி, கோடைநேரக் கணக்கில் கலிஃபோர்னியாவில் முந்தைய நாள் இரவு எட்டு மணி. அவள் இங்கே இருந்தால் அந்த நேரத்தில் அவளைக் கூப்பிடுங்கள். “வந்துவிட்டதா?” என்று கேட்க ஏற்கெனவே வீட்டில் இரண்டு பேர் இருக்கிறார்கள். நீங்கள் அவள் இன்று என்ன பாடம் படித்தாள் என்று கேளுங்கள், நீங்கள் படித்த கல்லூரியைப் பற்றிச் சொல்லுங்கள்.

ஆன்ட்டி, நான் ஃபிரீமான்டில் இருக்கிறேன். வசந்தப் பருவத்தில் புள்ளியியல் எடுப்பதாக விண்ணப்பத்தில் எழுதியிருந்தேன். கடையில் வேலை நேரம் கூடியதால் பாதியில் விட்டுவிட்டேன். வீட்டுக்குத் தெரியாது. முடிவு வரும்வரை பேசாமல் இருந்துவிடலாமா?
– பெயர் வேண்டாம்

வேண்டாம், மகளே. பேசாமல் இருந்தால் ஜூலையில் இறுதிப் பட்டியல் பேசிவிடும், அப்போது கொடுத்த இடத்தையே திரும்பப் பெற அவர்களுக்கு உரிமை உண்டு. இப்போதே தெரிவித்தால் பல நேரங்களில் வழி பிறக்கிறது.

முதலில், எந்தக் கல்லூரிப் பாடம் எந்தப் பல்கலைக்கழகப் பாடத்துக்கு ஈடு என்று காட்டும் அசிஸ்ட் இணையதளத்தில் உன் கல்லூரியையும் நீ கேட்ட துறையையும் போட்டுப் பார். புள்ளியியல் அந்தத் துறைக்குக் கட்டாயப் பாடமா, வெறும் அலகுக் கணக்குக்கா என்பது தெரிந்துவிடும். மாற்று மாணவருக்கு வேண்டிய 60 செமஸ்டர் அலகு குறைகிறதா என்றும் கூட்டிப் பார். கட்டாயம் என்றால் இந்த வாரமே உன் கல்லூரி ஆலோசகரிடம் போ. பருவத்தின் நடுவில் தொடங்கும் எட்டு வாரக் குறுகிய வகுப்புகள் பல கல்லூரிகளில் உண்டு, உன் கல்லூரியில் இல்லாவிட்டால் பக்கத்துக் கல்லூரியில் இணையவழியில் கிடைக்கலாம். அதே பாடத்துக்கு இணையானதுதானா என்று அவரிடம் உறுதி செய்துகொண்டபிறகு சேர். கோடைக்குத் தள்ளிவைக்காதே. கட்டாயப் பாடங்கள் வசந்தத்தோடு முடிந்திருக்க வேண்டும் என்று பல துறைகள் எதிர்பார்க்கும்.

பிறகு நீ விண்ணப்பித்த ஒவ்வொரு வளாகத்துக்கும் உன் விண்ணப்பதாரர் பக்கத்தின் வழியாக எழுது. எந்தப் பாடத்தை விட்டாய், ஏன், அதற்குப் பதில் என்ன செய்கிறாய் என்று ஐந்தாறு வரி போதும். மன்னிப்புக் கேட்டு மூன்று பக்கம் எழுதாதே.

வீட்டில் சொல்வதற்கு உனக்கு அச்சமாக இருக்கும். குறுகிய வகுப்பில் பதிவு செய்தபிறகு, அந்த ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவிடம் சொல். கடையில் உன் மேலாளரிடம் நேரத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்பதை மட்டும் நாளைக்குத் தள்ளாதே, குறுகிய வகுப்பு என்றால் வாரத்துக்கு இருமடங்கு படிப்பு.