நெஞ்சுவலியும் பதினாலு கொண்டை ஊசி வளைவும்: கேள்வி பதில்

கோவையில் இருதயப் பிரிவில் 22 வருடம் நர்ஸ் வேலை. ஓய்வு பெற்ற பிறகு நீலகிரியில் கோத்தகிரி பக்கம் அரவேனுவில் பூண்டும் டீச்செடியுமாக இருக்கிறேன். மாரடைப்பு, ஐசியூ என்று மலைக்காரர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மாத்திரையைக் கூட்டு, குறை என்று மட்டும் சொல்லமாட்டேன். அது உங்கள் டாக்டரின் வேலை.

குன்னூர், மகன்: சிஸ்டர், ராத்திரி ரெண்டு மணிக்கு அப்பா நெஞ்சை அடைக்கிறது என்றார். வாயு என்று நினைத்து ஓமத்தண்ணி கொடுத்தோம். விடிந்துதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பிழைத்துவிட்டார், ஆனால் பம்பிங் 35 என்கிறார்கள். நாங்கள் செய்தது தப்பா?

தப்பு என்றால் நீங்கள் தூங்கமாட்டீர்கள் தம்பி. தப்பில்லை என்றால் இதைப் படிக்கிற இன்னொருவர் ஓமத்தண்ணி காய்ச்சுவார். அதனால் என் கதையைச் சொல்கிறேன். ஒரு பொங்கல் லீவுக்கு ஊருக்கு வந்திருந்தேன். சாப்பிட்டு எழுந்த என் வீட்டுக்காரர் நெஞ்சைத் தடவிக்கொண்டே “ஏப்பம் வரமாட்டேங்குது” என்றார். தினம் மாரடைப்பு பார்க்கிற நானே சீரகம் கொதிக்க வைத்தேன். டம்ளரை நீட்டும்போதுதான் அவர் சட்டைக் காலர் நனைந்திருந்தது கண்ணில் பட்டது. ஜனவரிக் குளிரில் மனிதருக்கு வேர்த்துக் கொட்டுகிறது! அதற்குள் நாற்பது நிமிடம் போய்விட்டது.

அந்த வேர்வையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். தாடைக்கும் கைக்கும் பரவும் வலி, மூச்சு வாங்குதல், வாந்தியும் அப்படித்தான். சர்க்கரைக்காரர்களுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் வெறும் அசதியாகவும் வரலாம்.

பம்பிங் 35 என்பது நூற்றுக்கு 35 மார்க் இல்லை. நல்ல இதயமே ஒரு துடிப்பில் தன்னிடம் உள்ள ரத்தத்தில் 55 முதல் 70 சதவீதம்தான் வெளியே தள்ளும். அடிபட்ட தசையில் கொஞ்சம் செத்திருக்கும், கொஞ்சம் மரத்துப்போய் இருக்கும். மரத்தது சில வாரங்களில் விழித்துக்கொள்ளலாம். ஆறு வாரமோ மூன்று மாதமோ கழித்து மறுபடி எக்கோ (இதய ஸ்கேன்) எடுப்பார்கள். அதுவரை இந்த எண்ணை வைத்து அழ வேண்டாம். தினமும் காலையில் எடை பாருங்கள். ரெண்டு மூன்று நாளில் ரெண்டு கிலோ ஏறினால் உடம்பில் நீர் கோர்க்கிறது என்று அர்த்தம், உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

கோத்தகிரி: வலி வந்தால் நேரே கோயம்புத்தூர் போய்விடுவது நல்லதா? பக்கத்து ஆஸ்பத்திரியில் எதற்கு நேரத்தை வீணாக்க வேண்டும்?

நேரம் வீணாவது மலைப்பாதையில்தான். ஈசிஜி எடுக்கிற முதல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உள்ளே நுழைந்த பத்து நிமிடத்தில் ஈசிஜி எடுத்துவிட வேண்டும் என்பது விதி. பெரிய அடைப்பு என்றால் குழாயை அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி இருக்கிறது. வலி தொடங்கிப் பன்னிரண்டு மணி நேரம் வரை போடுவார்கள். முதல் மூன்று மணி நேரத்தில் போட்டால்தான் முழுப் பலன். சமீபத்தில் பக்கவாதம், ரத்தக்கசிவு வந்தவர்களுக்குப் போடமாட்டார்கள், அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஊசி போட்ட பிறகு, மானிட்டர் உள்ள ஆம்புலன்சில் கீழே இறங்கி 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோ (இதய ரத்தக் குழாயில் அடைப்பு எங்கே என்று பார்க்கும் சோதனை) செய்துகொள்ளலாம்.

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குப் பதினாலு கொண்டை ஊசி வளைவு. மே மாதம் சீசன் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். 2009 நவம்பர் மாதிரி மண்சரிந்தால் பாதையே இருக்காது. பாதி வழியில் காரின் பின்சீட்டில் இதயத் துடிப்பு தாறுமாறானால் உங்களால் என்ன செய்ய முடியும்? 108ஐக் கூப்பிடுங்கள். ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் 2023லிருந்து ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், கொழுப்பைக் குறைக்கும் அடோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளின் முதல் டோஸ் கொடுத்து அனுப்புகிறார்கள். கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்குக் கேரளாவின் சுல்தான் பத்தேரிதான் பக்கத்தில். மாவட்டம் ஒன்று என்பதற்காக ஊட்டிக்கு ஏற வேண்டாம்.

அப்புறம், வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள். டாக்டர் கேட்கிற முதல் கேள்வி அதுதான், பதற்றத்தில் எல்லாரும் மறப்பதும் அதைத்தான்.

எடப்பள்ளி: பக்கத்து வீட்டு அண்ணன் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை கொடுத்தார், வைத்துக்கொண்டதும் அப்பா மயங்கிவிட்டார்.

சார்பிட்ரேட்டாக இருக்கும். பிரஷரைச் சட்டென்று இறக்கும். உங்களுக்கு என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால் மட்டும், உட்கார்ந்துகொண்டு வையுங்கள். கடன் வாங்கக் கூடாத மாத்திரை அது.

உதகை, மனைவி: அக்கா, ஐசியூவில் மூன்றாவது நாள் ராத்திரி அவர் “லோடு ஏத்தணும், லாரி நிக்குது” என்று வயரையெல்லாம் பிடுங்கிவிட்டார். என்னையே யார் என்று கேட்டார். புத்தி பேதலித்துவிட்டதா?

இல்லை அம்மா. ஐசியூவில் இது அடிக்கடி நடக்கும். இரவு பகல் தெரியாத விளக்கு, தூக்கமில்லை, மருந்து வேறு. பெரும்பாலும் சில நாளில் தெளிந்துவிடும். அவருடைய கண்ணாடி, பல்செட், காது மிஷின் எதுவானாலும் கொடுத்து அனுப்புங்கள். பார்க்க விடுகிற ஐந்து நிமிடத்தில் அழாமல், “இன்னைக்கு வியாழக்கிழமை, இது ஆஸ்பத்திரி, கேரட் லோடு போயாச்சு” என்று சொல்லுங்கள். மானிட்டர் கத்தினால் பதற வேண்டாம், பாதி நேரம் விரலில் மாட்டிய கிளிப் நழுவியிருக்கும்.

பணத்துக்கு: முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அட்மிஷன் அன்றே கவுன்டரில் காட்டுங்கள். குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. டிஸ்சார்ஜ் அன்று காட்டிவிட்டு அழுதவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கட்டபெட்டு: அடைத்த குழாயில் ஸ்டென்ட் (விரித்து வைக்கும் வலைக்குழாய்) வைத்து நாலு மாதம். டீ இலை வெட்டும்போது கத்தரி பட்டால் ரத்தம் நிற்க நேரமாகிறது. மாத்திரையைக் கொஞ்ச நாள் நிறுத்தலாமா?

கூடவே கூடாது. ஸ்டென்டுக்குள் ரத்தம் உறையாமல் காப்பதே அந்த ரெண்டு மாத்திரைதான். பொதுவாக ஒரு வருடம் கொடுப்பார்கள். பல் பிடுங்கப் போனால்கூட முதலில் இருதய டாக்டரைக் கேளுங்கள். வெட்டுக்காயத்தைப் பத்து நிமிடம் துணியால் அழுத்திப் பிடியுங்கள், கையுறை போடுங்கள்.

ஊட்டி: எப்போது மலைக்குத் திரும்பலாம்? காற்று மெலிந்திருக்குமே?

ஊட்டி 2,240 மீட்டர். கடற்கரையைவிட ஆக்சிஜன் கால்வாசி குறைவு. பிறந்து வளர்ந்தவருக்குப் பழக்கம்தான், ஆனால் இதயம் இப்போது அடிபட்டது. ரெண்டு வாரம் கீழே காரமடையில் சொந்தக்காரர் வீட்டில் இருந்துவிட்டு வாருங்கள் என்று சொல்கிற டாக்டர்கள் உண்டு. உங்கள் டாக்டரைக் கேளுங்கள்.

என் கவலை உயரத்தைவிடக் குளிர்தான். குளிரில் ரத்தக் குழாய் சுருங்கும், பிரஷர் ஏறும். உறைபனி விழுந்த காலையில் ஆறு மணி வாக்கிங் வேண்டாம், ஒன்பதுக்கு வெயில் வந்த பிறகு, வாயையும் மூக்கையும் மஃப்ளரால் மூடிக்கொண்டு போங்கள். நம் ஊரில் வீட்டை விட்டு வெளியே வந்தாலே இறக்கம். சுகமாக இறங்கிவிட்டு, களைத்த காலோடு ஏற வேண்டியிருக்கும். முடிந்தால் ஏற்றத்தை முதலில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வாசலிலேயே நடங்கள். நடக்கும்போது பேச முடிய வேண்டும், அதுதான் அளவு.

குன்னூர்: வர்க்கி சாப்பிடலாமா?

மைதாவும் வனஸ்பதியும். தெரிந்துதானே கேட்கிறீர்கள்?

கேத்தி, மகள்: அப்பா வீட்டுக்கு வந்து ஒரு மாதம். பேசுவதே இல்லை, ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அம்மா ராத்திரி எழுந்து எழுந்து அவருக்கு மூச்சு வருகிறதா என்று பார்க்கிறார்.

மாரடைப்பு வந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மன அழுத்தம் வரும். “தைரியமா இருங்க” என்று சொன்னால் போகாது. அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் இதையும் சொல்லுங்கள், அதற்கும் வைத்தியம் உண்டு. சின்ன வேலையாக ஒன்று கொடுங்கள். பூண்டு உரிக்கட்டும், பேரனுக்குப் பென்சில் சீவட்டும்.

அம்மாவையும் கொஞ்சம் பாருங்கள். ஆஸ்பத்திரியில் அழாதவர்கள் வீட்டுக்கு வந்த பிறகுதான் உடைவார்கள். நானும் மூன்று மாதம் அதே வேலைதான் செய்தேன். ஒரு ராத்திரி டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு வீட்டுக்காரரின் நாடியைப் பிடித்து எண்ணிக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறக்காமலே சொன்னார்: “எழுபத்திரண்டு. எழுதிக்கிட்டு லைட்ட அணை.”