சபையில ஹோம் கட்ட காணிக்கை குடுக்கறதா, இல்ல நாங்களே ஒரு பிள்ளையை வீட்ல வச்சு வளர்க்கறதா?

பையன் காலேஜுக்குப் போயிட்டான், வில்லியனூர்ல சொந்த வீடு, மாடி ரூம் காலியா கிடக்கு, சபையில திக்கற்ற பிள்ளைங்களுக்கு ஹோம் கட்டணும்னு காணிக்கை சேர்க்கறாங்க, அதுக்குக் குடுத்துடலாமா இல்ல ஒரு பிள்ளையை நாங்களே கூட்டிட்டு வந்து வளர்க்கலாமான்னு கேட்டிருக்கீங்க. வளருங்க சிஸ்டர். ரூம் இருக்கு, உங்க வீட்டுக்காரரும் சரின்னுட்டாரு, அப்புறம் எதுக்கு இன்னொரு கட்டடம். ஆனா "கூட்டிட்டு வந்து"ன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அது அவ்வளவு நேரா நடக்காது, நடக்கவும் கூடாது, அதனாலதான் கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுமையா படிங்க.

நாங்க கடலூர் மஞ்சக்குப்பம். ஒரு கிறிஸ்தவ டிரஸ்ட் மூலமா அக்கா தம்பி ரெண்டு பேர் எங்க வீட்ல வளர்றாங்க. அந்த டிரஸ்ட்டும் முன்னாடி ஹோம் நடத்துனவங்கதான், இப்ப ஹோம்ல புதுசா பிள்ளைங்களைச் சேர்க்கறதைக் குறைச்சுக்கிட்டு குடும்பங்கள்ல வைக்கற வேலையைப் பாக்கறாங்க. பேரு எழுத மாட்டேன், எழுதினா பிள்ளைங்க யாருன்னு ஊர்ல கண்டுபிடிச்சிடுவாங்க.

முதல்ல ஒண்ணு, நான் ஹோம் நடத்தறவங்களை குறை சொல்ல வரல. 1706ல சீகன்பால்கு ஐயர் தரங்கம்பாடியில வந்து இறங்குனதுலேர்ந்து நம்ம மிஷன்காரங்க பள்ளிக்கூடம் போர்டிங்னு கட்டலைன்னா எங்க அப்பா மாதிரி ஆளுங்க படிச்சே இருக்க மாட்டாங்க. ஊருக்குள்ள செருப்பு போட்டு நடக்க விடாத காலத்துல போர்டிங்லதான் அவருக்கு மூணு வேளை சோறும் ஸ்லேட்டும் கிடைச்சுது, சாகற வரைக்கும் அந்த வார்டனம்மா பேரைச் சொல்லி ஜெபம் பண்ணுவாரு. அன்னிக்கு அது தேவைப்பட்டுது. இன்னிக்கு பள்ளிக்கூடம் எல்லா ஊர்லயும் இருக்கு, மதிய சாப்பாடு இருக்கு, காலைச் சாப்பாடும் வந்துடுச்சு, பிள்ளைக்கு இப்ப இல்லாதது வீடுதான்.

ஹோம்ல இருக்கற பிள்ளைங்க எல்லாம் அப்பா அம்மா செத்துப்போனவங்கன்னுதான் நம்மள்ல நிறைய பேர் நெனச்சுக்கிட்டு இருக்கோம். போய் ஒவ்வொரு பிள்ளையா விசாரிச்சுப் பாருங்க, பாதிக்கு மேல அம்மா இருப்பாங்க, இல்ல அப்பா இருப்பாரு, பாட்டியாவது இருக்கும். அப்பா குடிக்கறாரு, அம்மாவுக்கு மனசு சரியில்ல, அம்மா ரெண்டாவது கல்யாணம் பண்ணிக்கிட்டு அந்த ஆளு பிள்ளையை ஏத்துக்கல, முந்திரித் தோப்பு வேலைக்கும் செங்கல் சூளைக்கும் ஊர் ஊராப் போறவங்க பிள்ளையை எங்க விடுவாங்க, இதுதான் காரணம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு அப்புறம் இந்தோனேசியாவுல ஆச்சே மாகாணத்துல இருந்த ஹோம்களை ஆய்வு பண்ணிப் பாத்தப்ப அங்க இருந்த பிள்ளைங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு குடும்பம் இருந்துச்சு, படிப்பு கிடைக்கும்னுதான் கொண்டுவந்து விட்டிருந்தாங்க. தேவனாம்பட்டினத்துலேர்ந்து கிள்ளை வரைக்கும் நம்ம கரையும் அதே அலையில அடிபட்டதுதான், அன்னிக்கு எவ்வளவோ நல்ல மனசுள்ளவங்க பணம் அனுப்புனாங்க. பணம் கட்டடமா வந்து நின்னா அதை நிரப்ப பிள்ளைங்களும் வந்துடுவாங்க, அதுதான் எனக்கு பயம். அந்தப் பணத்துல ஒரு பங்கை அந்த அம்மா கையிலயே மாசா மாசம் குடுத்திருந்தா அந்தப் பிள்ளை வீட்லேர்ந்தே பள்ளிக்கூடம் போயிருக்கும்.

வீட்ல வளர்றதுக்கும் ஹோம்ல வளர்றதுக்கும் அப்படி என்ன பெரிய வித்தியாசம்னு உங்க சபையில கேப்பாங்க. ருமேனியாவுல 2000க்கு அப்புறம் ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்துச்சு, புக்காரெஸ்ட் நகரத்து ஹோம்கள்ல இருந்த 136 சின்னக் குழந்தைங்களை சீட்டுக் குலுக்கற மாதிரி ரெண்டா பிரிச்சு பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்கள்ல வச்சாங்க. குடும்பத்துக்குப் போன பிள்ளைங்களுக்கு புத்தி வளர்ச்சியும் நல்லா இருந்துச்சு, ஒருத்தர்கிட்ட ஒட்டிக்கற குணமும் வந்துச்சு, அதுலயும் ரெண்டு வயசுக்கு முன்னாடி போனவங்களுக்கு இன்னும் நல்லா. இங்க நம்ம ஹோம் சிஸ்டருங்க அங்க இருந்தவங்களை விட எவ்வளவோ பாசமானவங்க, அதுல எனக்கு சந்தேகமே இல்ல, ஆனா ஒரு சிஸ்டர் எத்தனை பிள்ளைக்குத்தான் ராத்திரி காய்ச்சல்ல பக்கத்துல உக்கார முடியும்.

ஹோம்லேர்ந்து எங்க வீட்டுக்கு வந்தப்ப பெரியவளுக்கு ஒன்பது வயசு. அவ்வளவு ஒழுக்கமா இருந்தா, அதுதான் எனக்கு வயித்தைக் கலக்குச்சு. தட்டை எடுத்துக்கிட்டு அடுக்களை வாசல்ல வரிசையில நிக்கற மாதிரி நிப்பா, பின்னாடி யாருமே இல்ல, தம்பி மட்டும்தான். லைட் போடலாமா, பாத்ரூம் போலாமா, தண்ணி குடிக்கலாமா, எல்லாத்துக்கும் கேள்வி. தக்காளி எங்க வாங்கறோம் என்ன விலைன்னு தெரியாது, கடைக்கே போனதில்ல பாவம், சாப்பாடு தட்டுல வரும் அவ்வளவுதான் அவளுக்குத் தெரிஞ்சது. நான் அவளை பான்பரி மார்க்கெட்டுக்கு கூட்டிட்டுப் போய் கையில காசு குடுத்து வாங்க விடுவேன், மீன்காரம்மாகிட்ட பேரம் பேசக் கத்துக்கிட்டா, இப்ப என்னை விட நல்லா பேசறா. பதினெட்டு வயசு வரைக்கும் ஹோம்லயே இருந்துட்டு வெளிய வர்ற பிள்ளைங்களைப் பாத்திருக்கேன், டிகிரி இருக்கும், ஆனா ரேஷன் கடை, பேங்க், வாடகை வீட்டு ஓனர், ஒரு சொந்தக்காரர் வீட்டு துக்கத்துக்குப் போனா என்ன பேசணும், ஒண்ணும் தெரியாம தடுமாறும். இதெல்லாம் யாரும் கிளாஸ் எடுத்து சொல்லித் தர்றதில்ல, வீட்ல இருந்தா தானா ஒட்டிக்கும்.

சரி, சட்டத்துக்கு வர்றேன். நம்ம ஆளுங்க பழைய பழக்கத்துல "எடுத்து வளர்க்கறது"ன்னு சாதாரணமா சொல்லிடுவாங்க, அதுக்குக் காரணம் இருக்கு, முன்னாடி கிறிஸ்தவங்களுக்குத் தத்தெடுக்க சட்டமே கிடையாது, 1890ல வந்த கார்டியன்ஸ் சட்டப்படி கார்டியனா இருக்கலாம் அவ்வளவுதான், அதனால பாட்டி காலத்துல பேப்பர் இல்லாமலே வளர்த்தாங்க. அப்புறம் சிறார் நீதிச் சட்டம் வந்து, 2014ல சுப்ரீம் கோர்ட்டும் எந்த மதத்துக்காரங்களும் அந்தச் சட்டப்படி தத்தெடுக்கலாம்னு தெளிவா சொல்லிடுச்சு. இப்ப ஆஸ்பத்திரியிலயோ ஹோம்லயோ யாராவது "இந்தாங்க பிள்ளை"ன்னு நேரா குடுத்தா வாங்காதீங்க, அது குற்றம், ஜெயிலுக்கே போக வேண்டி வரும். போதகர் சொன்னாலும் சரி, எந்த டிரஸ்ட் சொன்னாலும் சரி. தத்து இல்லாம வளர்ப்புக்குன்னு பிள்ளையை ஒரு குடும்பத்துல வைக்க உத்தரவு போடற அதிகாரம் அந்தச் சட்டப்படி அமைச்ச குழந்தைகள் நலக்குழுவுக்கு மட்டும்தான், டிரஸ்ட்டோட வேலை குடும்பத்தைத் தேடறது, தயார் பண்றது, அப்புறம் கூடவே நிக்கறது.

தத்து வேற, நான் சொல்ற வளர்ப்பு வேற. தத்துன்னா பிள்ளை முழுசா உங்க பிள்ளை, வாரிசு. வளர்ப்புப் பராமரிப்புங்கறது (ஃபாஸ்டர் கேர்) 2015 சிறார் நீதிச் சட்டத்துல 44ஆம் பிரிவு, பிள்ளைக்கு வீடு குடுக்கறீங்க, ஆனா அது யாரோட பிள்ளைங்கறது மாறாது. ஆறு வயசுக்கு மேல உள்ள பிள்ளைங்களைத்தான் பெரும்பாலும் வைப்பாங்க, சின்னக் குழந்தைன்னா முதல்ல தத்துக்குத்தான் பாப்பாங்க. ஹோம் ஸ்டடின்னு உங்க குடும்பத்தை விசாரிக்க வீட்டுக்கே வருவாங்க, போலீஸ் வெரிஃபிகேஷன், வருமானம், வீட்ல உள்ள எல்லாருக்கும் டிபி ஹெச்ஐவி ஹெபடைடிஸ் டெஸ்ட், எல்லாம் கேப்பாங்க, கோவப்படாதீங்க, நம்ம பிள்ளையை இன்னொருத்தர் வீட்ல விடறதா இருந்தா நாமளும் கேப்போம்தானே. கூடப் பிறந்தவங்களை முடிஞ்ச வரைக்கும் ஒண்ணாவே வைக்கணும்னு அந்தப் பிரிவுலயே இருக்கு, அதனால "எனக்கு பொண்ணு மட்டும் போதும்"னு சொல்றவங்களுக்கு ஒரு வார்த்தை, தம்பியும் வருவான்னு மனசைத் தயார் பண்ணிக்கோங்க. நலக்குழு மாசா மாசம் பிள்ளையைப் பாத்து விசாரிக்கணும்னும் சட்டம் சொல்லுது. மிஷன் வாத்சல்யாங்கற அரசாங்கத் திட்டத்துல ஒரு பிள்ளைக்கு மாசம் 4,000 ரூபா, பல சமயம் லேட்டா வரும், அதை நம்பி பட்ஜெட் போடாதீங்க. 2024ல வந்த புது வழிகாட்டுதல்ல கல்யாணம் ஆகாதவங்க, கணவனை இழந்தவங்க, டைவர்ஸ் ஆனவங்களும் 35 வயசுலேர்ந்து 60க்குள்ள இருந்தா வளர்க்கலாம்னு வந்திருக்கு (ஆம்பளை தனியா இருந்தா ஆம்பளைப் பிள்ளை மட்டும்), அதே மாதிரி தத்துக்குத் தகுதியான பிள்ளையா இருந்து ரெண்டு வருஷம் உங்ககூட இருந்தா தத்தெடுக்கவும் வழி இருக்கு, முன்னாடி அது அஞ்சு வருஷமா இருந்துச்சு.

உங்களுக்கு ஒரு முக்கியமான விஷயம், நீங்க பாண்டி. முள்ளோடை எல்லை தாண்டினா வேற அரசாங்கம், கடலூர்ப் பிள்ளையை வில்லியனூர்ல வைக்கணும்னா ரெண்டு பக்கத்துக் குழுவும் பேசிக்கணும், பேப்பர் நகரவே மாசங்கள் ஆகும். அதனால புதுச்சேரி குழந்தைகள் பாதுகாப்பு அலகுலயே பதிவு பண்ணுங்க, பிள்ளை தன்னோட சொந்தங்களுக்கு பக்கத்துல இருக்கறதும் அதுல ஒரு நன்மை. எங்க போறதுன்னு தெரியலைன்னா குழந்தைகள் உதவி எண் 1098க்கு அடிச்சே கேக்கலாம்.

இப்ப உங்க கேள்வியில நீங்க கேக்காததை சொல்றேன். பிள்ளையோட அம்மா வருவாங்க. எங்க பிள்ளைங்களோட அம்மா மனநல சிகிச்சையில இருக்காங்க, நல்லா இருக்கற மாசம் பஸ் ஏறி வருவாங்க, மாத்திரையை விட்டுட்டா வர மாட்டாங்க, அன்னிக்கு சாயங்காலம் சின்னவன் யார்கிட்டயும் பேசாம கேட்டுகிட்டயே உக்காந்திருப்பான். அவங்க வர்றப்ப நான் காபி போட்டுக் குடுத்துட்டு பிள்ளைங்களை அவங்ககிட்ட விட்டுட்டு அந்தப் பக்கம் போயிடுவேன். என்னை பெரியம்மான்னுதான் கூப்பிடறாங்க, அம்மான்னு கூப்பிட நான் சொன்னதில்ல, அவங்களுக்கு அம்மா இருக்காங்க. ஒருநாள் அந்த அம்மா குணமாகி, குழு சரின்னு சொன்னா, ரெண்டு பேரையும் அனுப்பிடுவேன். அழுவேன், ஆனாலும் அனுப்புவேன். "வளர்த்துட்டு எப்படி விட முடியும்"னு சபையில கேக்கறாங்க. அந்தப் பிள்ளைக்கு அதோட வீடு திரும்பக் கிடைக்கணும்னுதானே நாம ஜெபம் பண்றோம், கிடைச்சா எப்படி வருத்தப்படறது. இதுக்கு உங்க மனசு ஒத்துக்கலைன்னா தப்பில்ல, தத்துக்கு தனியா பதிவு பண்ணுங்க, ஆனா வளர்ப்புக்குன்னு வந்துட்டு மனசுல தத்து நெனச்சுக்கிட்டு இருக்காதீங்க, பிள்ளைதான் நடுவுல கிடந்து தவிக்கும்.

மதத்தைப் பத்தியும் வெளிப்படையா சொல்லிடறேன். எங்க பிள்ளைங்க இந்துக் குடும்பம். சாயங்காலம் எங்க வீட்ல ஜெபம் நடக்கும், பாட்டு பிடிக்கும்னு அவ வந்து உக்காருவா, தம்பி விளையாடப் போயிடுவான், ரெண்டுமே சரி. மாசி மகத்துக்கு சாமியெல்லாம் தேவனாம்பட்டினம் கடலுக்கு தீர்த்தவாரிக்கு வர்றப்ப அவங்க பாட்டிகூட அனுப்பி வைப்பேன். அரிசியும் பீஸும் குடுத்து ஒரு பிள்ளையோட சாமியை மாத்தறது அன்பு இல்லைன்னு நான் நம்பறேன், வேற கதி இல்லாம நம்ம கையில இருக்கற பிள்ளைகிட்ட அந்த மாதிரி ஒரு விலை கேக்கக் கூடாது. இதை ஒத்துக்காத டிரஸ்ட்டா இருந்தா, எவ்வளவு பெரிய டிரஸ்ட்டா இருந்தாலும் நீங்க சேராதீங்க.

அந்த காணிக்கைப் பணம் விஷயம். கமிட்டியில நீங்க பேசற இடத்துல இருந்தீங்கன்னா இதைச் சொல்லிப் பாருங்க, சபையில நாலு குடும்பம் பிள்ளை வளர்க்க முன்வரட்டும், அரசாங்கப் பணம் வராத மாசம் அந்த நிதி அவங்களுக்குக் கை குடுக்கட்டும். டியூஷன் பீஸ், கண்ணாடி, சைக்கிள், ஜிப்மருக்குப் போய்வர ஆட்டோக்காசு. பெத்த அம்மாவுக்கு பஸ்காசு, மாத்திரை, ஒரு தையல் மெஷின். பாட்டிங்க வளர்க்கற பிள்ளைங்க உங்க தெருவுலயே இருப்பாங்க, முதல்ல அந்தப் பாட்டிகிட்ட போங்க, அந்தப் பிள்ளை ஹோமுக்கே போகாம இருக்கும். கட்டடத்துல கல்வெட்டு வைக்கலாம்னு ஆசைப்படறவங்க இருப்பாங்க, அவங்களையும் பகைச்சுக்காம பேசுங்க. ஹோம் ஸ்டடிக்கு வர்றப்ப உங்க பையனையும் லீவு போட்டு வீட்ல இருக்கச் சொல்லுங்க, அவன்கிட்டயும் கண்டிப்பா கேள்வி கேப்பாங்க.